புறா, பருந்து, நடுவுல கொஞ்சம் சகுரா

சகுரா, அதான் செர்ரி பூ, பூக்கற டைம்ல டோக்கியோல எங்க போறதுன்னு கேட்டா எல்லாரும் உயேனோ, மெகுரோ ஆறு, ஷின்ஜுகு க்யோயென் இந்த மூணைத்தான் சொல்லுவாங்க, நாங்களும் மாத்தி மாத்தி அங்கயேதான் போயிருக்கோம், பூவைப் பாத்ததைவிட முன்னாடி நிக்கறவங்க பின்மண்டையைப் பாத்ததுதான் ஜாஸ்தி. இந்த தடவை பாப்பா திங்கக்கிழமை ஒண்ணாங்கிளாஸ் போறா. இங்க ஸ்கூல் ஏப்ரல்லதான் ஆரம்பிக்கும், சரியா பூ பூக்கற நேரம். ஸ்கூல்ல சேர்றதுக்கு முன்னாடி கோயிலுக்கு ஒரு நடை போயிட்டு வந்துடுடின்னு அம்மா ஊர்லேருந்து போன்ல சொல்லிட்டே இருந்தாங்க, சரி கோயிலும் ஆச்சு பூவும் ஆச்சுன்னு சனிக்கிழமை காலைல காமகுரா கிளம்பிட்டோம்.

நிஷி-கசாய்லேருந்து ஓட்டேமாச்சி, அங்கேருந்து டோக்கியோ ஸ்டேஷன் வரைக்கும் நடை, அப்புறம் யோகொசுக்கா லைன். அந்த பிளாட்பாரம் பாதாளத்துல இருக்கு, எஸ்கலேட்டர்ல இறங்கி இறங்கி பாப்பாவோட தம்பி தூங்கியே போயிட்டான். பாப்பாவுக்கு அன்னிக்கு தலைகால் புரியல. மார்ச் 31 வரைக்கும் அவ குழந்தை, ரயில்ல ஓசி. ஏப்ரல் 1-லேருந்து ஸ்கூல் பிள்ளை, அரை டிக்கெட், அவ பேர்ல தனி கார்டு. குழந்தைங்க கார்டை கேட்ல வச்சா பியோ பியோன்னு கோழிக்குஞ்சு கத்தற சத்தம் வரும், பெரியவங்க கார்டுக்கு வெறும் பீப்தான். எங்க ரெண்டு பேரையும் நிக்க வச்சு, முதல்ல நீங்க போங்க, அப்புறம் நான் வரேன்னு சொல்லி பியோ பியோ பண்ணிட்டு வந்தா பாருங்க, காசு குடுக்கறதுல இவ்ளோ சந்தோஷப்பட்ட ஆளை நான் பாத்ததில்ல.

காமகுரா ஸ்டேஷன்ல இறங்கினதும் எல்லாரும் கொமாச்சி தெருவுக்குள்ள போயிடறாங்க, கடைங்க நெறைய. அங்க நடந்துக்கிட்டே சாப்பிடாதீங்கன்னு ஊர்க்காரங்க 2019-ல ஒரு விதி போட்டிருக்காங்க, அபராதமெல்லாம் இல்ல, ஆனா கைல ஐஸ்க்ரீமோட ரெண்டு பிள்ளைங்களை அந்த கூட்டத்துல நிக்க வச்சு ஊட்டறதுக்கு என்னால முடியாது சாமி. நாங்க பக்கத்துல இருக்கற மெயின் ரோட்டுக்குப் போனோம். அந்த ரோட்டுக்கு நடுவுல திண்ணை மாதிரி உசரமா ஒரு நடைபாதை, பேரு டன்கஸுரா, ரெண்டு பக்கமும் சகுரா. அரை கிலோமீட்டர் இருக்கும், நேரா சுருகாவோகா ஹாச்சிமான்-கூ கோயில் வாசல்ல கொண்டுபோய் விடும். 1182-ல மினமோட்டோ நோ யோரிதோமோன்னு இங்கேருந்து ஆட்சி பண்ணின தளபதி போட்டது, அவர் மனைவி மசாகோ மாசமா இருந்தாங்க, நல்லபடியா பிரசவம் ஆகணும்னு வேண்டிக்கிட்டு போட்ட வழி. நம்மாளுங்க மொட்டை போடுவாங்க, அந்த மனுஷன் ரோடு போட்டிருக்கார். கோயில் கிட்ட போகப் போக பாதை குறுகும், அதனால ஸ்டேஷன் பக்கத்துலேருந்து பாத்தா ரொம்ப நீளம் மாதிரி தெரியும், எங்க வீட்டுக்காரர் ரெண்டு தடவை முன்னாடி ஓடி பின்னாடி வந்து காலால அளந்து பாத்து ஆமாடீன்னார்.

மரங்க எல்லாம் ஒல்லி. 2016-ல பழசை எடுத்துட்டு புதுசா வச்சது, அதனால போட்டோல பாக்கற பூ குகை மாதிரியெல்லாம் எதிர்பாக்காதீங்க. எனக்கு இதுதான் பிடிச்சுது, கிளை தாழ இருக்கு, தம்பி கண்ணுக்கு நேரா பூ. எல்லா மரமும் ஒரே நேரத்துல பூக்குதே எப்படின்னு பாப்பா கேட்டா, இது சோமேய் யோஷினோன்னு ஒரு வகை, எல்லாமே ஒட்டுப் போட்டு வளக்கறது, அதாவது ஒரே மரத்தோட காபி பேஸ்ட்னு அப்பா விளக்கினார், அவ அப்ப ஒரிஜினல் எங்கன்னா, அவர் பேச்சை மாத்திட்டார். அப்புறம் அவளுக்கு அதெல்லாம் எதுக்கு, பூ இதழ் கீழ விழறதுக்கு முன்னாடி கைல பிடிச்சா நினைச்சது நடக்கும்னு பால்வாடில பிள்ளைங்க சொல்லியிருக்காங்க, இருபது நிமிஷம் அந்த பாதைல குதிச்சுக்கிட்டே இருந்தா. காத்து இல்லாதப்ப ஒண்ணும் விழல, காத்து வந்தா நூறு விழுது, எதைப் பிடிக்கறதுன்னு தெரியாம எல்லாத்தையும் விட்டா. கடைசில ஒண்ணு தம்பி தலைல தானா வந்து உக்காந்துச்சு. அதுக்கு ஒரு சண்டை.

வாசல்ல பெரிய சிவப்பு தோரி, கோயில் நுழைவு வளைவு. நான் போட்டோ எடுத்துட்டு திரும்பறேன், தம்பி தரைல உக்காந்து ஒரு ஷூவை கழட்டிட்டான், ரெண்டாவதைக் கழட்டிட்டு இருக்கான். கோயில்னா அவனுக்குத் தெரிஞ்சது அதுதானே. எனக்கே இத்தனை வருஷம் ஆகியும் ஜின்ஜா, அதான் இங்கத்துக் கோயில், வாசல்ல கால் தானா செருப்பை உதறப் பாக்கும். இங்க ஷூவோட போகலாம்டான்னு சொன்னா நம்ப மாட்டேங்கறான், சாமி அடிக்கும்ங்கறான். அப்ப பாப்பா வந்து, இங்க வேற மாதிரி, நான் சொல்லித் தரேன்னு பொறுப்பை எடுத்துக்கிட்டா. தோரிக்கு முன்னாடி ஒரு கும்பிடு, நடுவுல நடக்கக் கூடாது அது சாமி போற வழி, ஓரமாத்தான் போகணும், தண்ணித் தொட்டில முதல்ல இடது கை, அப்புறம் வலது கை, அப்புறம் வாய் கொப்பளிக்கணும். தம்பி கொப்பளிக்கற ஸ்டெப்ல முழுங்கிட்டான். நான் ஜப்பான் வந்த புதுசுல யூட்யூப் பாத்து கத்துக்கிட்டதை இவ பிறந்ததுலேருந்து செய்யற மாதிரி செய்யறா, நாங்க மூணு பேரும் டூரிஸ்ட் மாதிரி அவ பின்னாடி.

உள்ள போனா ஒரு கல்யாணம் நடந்துட்டு இருந்துச்சு. படிக்கட்டுக்குக் கீழ நாலு பக்கமும் திறந்த மண்டபம் ஒண்ணு இருக்கு, அங்கதான். பொண்ணு தலைலேருந்து கால் வரைக்கும் வெள்ளை, தலைல பெரிய வெள்ளை முக்காடு. நமக்கு கல்யாணத்துல வெள்ளையான்னு இருக்கும், ஆனா பின்னாடி அந்த பூவோட பாக்கறப்ப அவ்ளோ அழகு. கூடவே குழல் ஒண்ணு ஊதினாங்க, ஹிச்சிரிக்கின்னு பேரு, நாதஸ்வரம் மாதிரியே அதுக்கும் வாய்ல சீவாளி உண்டு, சத்தம் அதே மாதிரி காதைத் துளைக்கும். தம்பி சத்தமா "அம்மா டும்டும்"னான். கெட்டிமேளத்தைச் சொல்றான். சுத்தி நின்னவங்களுக்கு புரியல, நல்லவேளை.

மேல போக 61 படி. பாப்பா எண்ணினதுல 58, தம்பி எண்ணினதுல பதினொண்ணு, அதுவும் அதே பதினொண்ணு திரும்பத் திரும்ப. ஸ்ட்ரோலரை கீழயே விட்டுடணும், குழந்தையைத் தூக்கிட்டு ஏறத் தெம்பு இருக்கான்னு பாத்துக்கங்க. படிக்கு இடது பக்கம் ஒரு மரத்தடியைக் காமிச்சு எங்க வீட்டுக்காரர் ஆரம்பிச்சுட்டார். ஆயிரம் வருஷம்னு சொல்ற கிங்கோ மரம், 2010 மார்ச் 10 அதிகாலைல காத்துல சாஞ்சிருச்சு. அடிமரத்தை வெட்டி பக்கத்துலயே நட்டிருக்காங்க, பழைய வேர்லேருந்தும் துளிர் வந்து இப்ப குட்டி மரமாவே நிக்குது. அதோட நிறுத்தியிருக்கலாம். 1219-ல மூணாவது ஷோகன், அதாவது நாட்டை ஆண்ட தளபதி, சானேதோமோவை அவரோட அண்ணன் பையனே இந்தப் படிக்கட்டு பக்கத்துல வச்சு வெட்டினான், அந்த மரத்துக்குப் பின்னாடிதான் ஒளிஞ்சிருந்தான்னு சொல்லுவாங்கன்னு முழு கதையும் சொல்லிட்டார். நான் முறைக்கறேன். பிள்ளைங்களுக்கு பயமெல்லாம் ஒண்ணும் இல்ல, ஒளிஞ்சாங்கற வார்த்தை மட்டும்தான் காதுல விழுந்துச்சு, அதுக்கப்புறம் ரெண்டும் தூணுக்கு தூண் ஒளிஞ்சு என் உசுரை வாங்கிடுச்சுங்க.

மேல வாசல்ல ஒரு பெயர்ப் பலகை. ஹாச்சிமான்-கூங்கறதுல முதல் எழுத்து எட்டு, ஒண்ணாங்கிளாஸ்ல சொல்லித் தர்ற கான்ஜி, அதாவது சீன எழுத்து, பாப்பா முன்னாடியே கத்துக்கிட்டா. நான் அதைப் படிச்சுக் காட்டி சீன் போடலாம்னு பாத்தேன். "அம்மா, அது எட்டு இல்ல, புறா"ன்னா. நிஜமாவே ரெண்டு புறா, அதுதான் எட்டு. ஹாச்சிமான் சாமிக்கு தூது புறாதான், முருகனுக்கு மயில் மாதிரின்னு வச்சுக்கங்களேன். ஆளுக்கு ஒரு அஞ்சு யென் போட்டோம், ஓட்டைக் காசு, கோ-என்னு சொல்லணும், உறவுங்கற வார்த்தைக்கும் அதே சத்தம் அதனால அதுதான் ராசி. ரெண்டு தடவை குனிஞ்சு, ரெண்டு தட்டு தட்டி, கும்பிட்டு, இன்னொரு தடவை குனியணும். தம்பி தட்டினதோட நிறுத்தாம கன்னத்துலயும் போட்டுக்கிட்டான். பக்கத்துல நின்ன ஒரு பாட்டி அதைப் பாத்துட்டு சிரிச்சுக்கிட்டே அவங்களும் லேசா கன்னத்தைத் தொட்டுப் பாத்தாங்க, எனக்கு அன்னிக்கு முழுக்க அந்த பாட்டி முகம்தான். பிரகாரம் சுத்தணும்னு எனக்கு கால் பரபரன்னு இருந்துச்சு, சுத்த வழி இல்ல. பிரசாதம் எங்கன்னு தம்பி கேட்டதுக்கும் பதில் இல்ல.

ஓமிகுஜி, அதான் பலன் சொல்ற சீட்டு, எடுத்தோம், பாப்பாவுக்கு குட்டி புறா பொம்மையோட வர்ற சீட்டு, நல்ல பலன். எங்க வீட்டுக்காரருக்கு க்யோ, கெட்ட பலன். கெட்டதை இங்கயே கட்டிட்டு போயிடலாம்னு பாப்பா சொல்லி அவளே கட்டியும் விட்டா.

இறங்கி வர்றப்ப குளத்துப் பக்கம் போனோம். வாசல்ல ரெண்டு குளம், ஒண்ணுல மூணு தீவு, இன்னொண்ணுல நாலு. கென்ஜி, அதாவது யோரிதோமோவோட கூட்டத்துக்கு மூணு, மூணுக்கும் பிறப்புக்கும் இங்க ஒரே சத்தம், எதிரி ஹெய்கே கூட்டத்துக்கு நாலு, அது சாவு. குளத்துல கூட வன்மம். கென்ஜி குளத்தை சுத்தி சகுரா, விழுந்த இதழெல்லாம் தண்ணி மேல பாய் விரிச்ச மாதிரி, அதுக்கு நடுவுல மீன் வாயைப் பொளந்து இதழைத் தின்னு துப்பிட்டு இருக்கு. சின்னப் பாலம் தாண்டி தீவுக்குப் போனா ரெண்டு பக்கமும் வெள்ளைக் கொடி, புறாக் கூட்டம், ஒரு சின்ன சன்னதி. பேரைப் பாத்ததும் நான் நின்னுட்டேன், பென்ஸாய்தென். நம்ம சரஸ்வதி. புத்த மதத்தோட சீனா வழியா வந்து இங்க செட்டில் ஆனவங்க. ஆறு, தண்ணியோட தெய்வம்ங்கறதால எங்க குளம், தீவு இருக்கோ அங்கதான் இவங்களுக்கு கோயில் வைப்பாங்க, கைல வீணைக்கு பதில் பிவான்னு ஒரு வாத்தியம்.

உடனே அம்மாவுக்கு வீடியோ கால். "வீணை எங்கடி? மயில் எங்கடி?" "உள்ள இருக்கும்மா, தெரியாது." "அப்புறம் எப்படி சரஸ்வதின்னு சொல்ற?" எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல, போனைத் திருப்பி குளத்தைக் காமிச்சேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல, அப்புறம் "பிள்ளையை நல்லா கும்பிடச் சொல்லு"ன்னாங்க. இவ்ளோ நேரம் எங்களுக்கு வழி காமிச்ச பாப்பா இங்க மட்டும் என்னைப் பாத்தா, இங்க எப்படி கும்பிடணும்? ரெண்டும் பண்ணுன்னேன், தட்டிட்டு கைகூப்பு. நல்லா படிப்பு வரணும்னு தமிழ்ல கேளுன்னேன். "பென்தென்-சாமாவுக்கு தமிழ் தெரியுமா?" "அவங்க ஊரே நம்ம பக்கம்தான் பாப்பா." ஜப்பானிய மொழில ஒரு தடவை, தமிழ்ல ஒரு தடவை, சேஃப்டிக்கு ரெண்டுலயும் கேட்டுட்டா.

அதுக்கப்புறம் ஹாத்தோ சப்ரே, புறா ஷேப் பிஸ்கட், மஞ்சப் பை, காமகுரா போயிட்டு இது வாங்காம வந்தா யாரும் நம்ப மாட்டாங்க. முட்டை போட்டதுதான், சாப்பிடாதவங்க பாத்துக்கங்க. கோயில் ரோட்டுலயே நேரா நடந்தா கடல், யுயிகஹாமா. மணல்ல துண்டை விரிச்சு உருளைக்கிழங்கு வச்ச சப்பாத்தி ரோலைப் பிரிச்சேன், தம்பி கைல குடுத்தேன், ஒரு கடிதான் கடிச்சான். பின்னாடிலேருந்து வந்துச்சு, சத்தமே இல்ல, இறக்கை அவன் காதை உரசின மாதிரி இருந்துச்சு, பாக்கறேன் கை காலி. பருந்து. நம்ம ஊர்ல மீன் மார்க்கெட் மேல சுத்துமே அதே கரும்பருந்து இனம்தான், இங்க தொம்பின்னு பேரு. ஜாக்கிரதைன்னு போர்டே வச்சிருந்தாங்க, நான் அதைப் போட்டோ வேற எடுத்தேன். கீறல் ஒண்ணும் இல்ல, கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு ரெண்டு செகண்ட் கழிச்சுதான் அழ ஆரம்பிச்சான். பக்கத்துல இருந்த தாத்தா, சுவத்துல முதுகு சாஞ்சு உக்காருங்க, அது பின்னாடிலேருந்துதான் வரும்னு கையைக் காட்டி சொன்னார். பாப்பா மேலயே பாத்துட்டு இருந்தா. "அம்மா, அது சப்பாத்தியைக் கீழ போடல. அதுக்கு பிடிச்சிருக்கு."

திங்கக்கிழமை ஸ்கூல் விழா நல்லபடியா முடிஞ்சுது, அவ முதுகை விட ராண்டோசெருங்கற ஸ்கூல் பை பெருசு. தம்பிதான் இன்னும் தேறல. காலைல இட்லித் தட்டு முன்னாடி உக்காந்தா முதுகை சுவத்தோட ஒட்டிக்கிட்டு, ஒரு கையால தட்டை மூடிக்கிட்டு, ஃபேனையே பாத்துட்டு இருக்கான்.