குஞ்சம் வைத்த மப்ளர்: உதகை நாட்குறிப்பு

நவம்பர் 24

நீர்ப்பனி விழத் தொடங்கிவிட்டது. இன்னும் சில வாரங்களில், வானம் தெளிந்து காற்றும் அசையாத இரவுகளில், நிலம் பகலில் வாங்கிய வெப்பத்தை எல்லாம் இழந்துவிடும். குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளில் இறங்கித் தாழ்வான இடங்களில் தேங்கும். காந்தலிலும் தலைகுந்தாவிலும் புல்வெளிகள் விடியற்காலையில் உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். அந்தச் சமயத்தில்தான் அக்காவின் மகள் அரையாண்டு விடுமுறைக்குத் தூத்துக்குடியிலிருந்து வருகிறாள். கடலோரத்தில் வளர்ந்த ஒன்பது வயதுக் குழந்தைக்கு, ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரின் குளிர் முதலில் பிடரியிலும் காதிலும்தான் உறைக்கும்.

தாவரவியல் பூங்காவுக்குப் போகும் வழியில் உள்ள திபெத்தியர் கடைகளில் நல்ல மப்ளர்கள் கிடைக்கின்றன. ஆனாலும் அவளுடைய உயரத்துக்குப் பொருந்தும் அளவில், நுனியில் கொக்கி உள்ள குரோஷா ஊசியால் நானே பின்னித் தர வேண்டும் என்பது என் ஆசை. தொலைபேசியில் அவளிடம் கேட்டேன். “சிவப்புலதான் வேணும், சித்தி. ரெண்டு பக்கமும் குஞ்சம் தொங்கணும்” என்றாள்.

நவம்பர் 26

நூல் வாங்கியாயிற்று. கடைகளில் உல்லன் நூல் என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக் நூலைத்தான் எடுத்துத் தருகிறார்கள். அது துவைக்க எளிது, விலையும் குறைவு, தினமும் பள்ளிக்குப் போட்டுச் செல்ல மிகவும் ஏற்றது. இங்கோ விடுமுறைக்கு வருகிற பிள்ளைகள் மாலையானால் தீ மூட்டிச் சுற்றி உட்காருகிறார்கள். அக்ரிலிக்கில் பொறி பட்டால் அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஆட்டுக் கம்பளி எளிதில் தீப்பிடிக்காது, உருகவும் உருகாது. அதனால் இந்த மப்ளருக்குக் கம்பளி நூல்தான் என்பதில் உறுதியாக இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு துண்டு நூலை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்த்தேன். முடி கருகும் வாசனை வந்தது. எஞ்சிய கரி விரலால் நசுக்கியதும் பொடியாகிப்போனது. அக்ரிலிக்காக இருந்தால் கெட்டியான மணி போல உருண்டு நின்றிருக்கும். நூலை வாங்கும் முன் கழுத்தோரத்தில் சற்று நேரம் வைத்தும் பார்த்தேன். ஏறத்தாழ 30 மைக்ரானுக்கு மேல் தடித்த இழைகள்தான் தோலில் குத்தி அரிப்பை உண்டாக்குகின்றன. கை விரல்களுக்கு அது தெரியாது, கழுத்துக்கு உடனே தெரியும். இந்த நூல் குத்தவில்லை.

நடுத்தரத் தடிமனில் 100 கிராம் உருண்டைகள் இரண்டு வாங்கினேன். குழந்தை மப்ளருக்குக் குஞ்சத்தோடு சேர்த்து அது போதும், மிச்சமும் இருக்கும். இரண்டு உருண்டைகளின் சீட்டிலும் ஒரே சாய எண் இருப்பதைப் பார்த்துத்தான் எடுத்தேன். ஒரே சிவப்பாகத் தெரிபவை வெவ்வேறு முறை சாயம் போட்டவையாக இருந்தால், மப்ளரின் நடுவில் நிறம் மாறுவது பகல் வெளிச்சத்தில் அப்பட்டமாகத் தெரியும்.

நவம்பர் 27

பின்னலைத் தொடங்கும் முன்பே குஞ்சத்துக்கான நூலை வெட்டி வைத்துவிட்டேன். ஒவ்வொரு முனையிலும் பத்துக் கொத்து, கொத்துக்கு மூன்று இழை என்றால் இரு முனைகளுக்கும் 60 இழைகள். இழைக்கு 30 செ.மீ. வீதம் 18 மீட்டர் நூல். 15 செ.மீ. அகலமுள்ள அட்டையில் நூலை இழுக்காமல் சுற்றி, ஒரு விளிம்பில் மட்டும் கத்தரித்தால் எல்லா இழைகளும் ஒரே நீளத்தில் வரும். குஞ்சத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், நூல் போதாமல் ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் போகும்.

நவம்பர் 30

எந்தப் பின்னல் என்பதை முடிவு செய்யக் கையளவு மாதிரிகளைப் பின்னிப் பார்த்தேன். கண்ணிகள் குட்டையாக இருக்கும் சிங்கிள் குரோஷா நெருக்கமாக வருகிறது. அட்டை போல விறைத்து, கழுத்தைச் சுற்றினால் படியாமல் நிற்கிறது. டபுள் குரோஷா விரைவாக வளர்கிறது, ஆனால் அதன் உயரமான தூண்களுக்கு இடையே குளிர்காற்று புகும். இரண்டுக்கும் நடுவில் உள்ள ஹாஃப் டபுள்தான் இந்த ஊரின் குளிருக்கு ஏற்றது என்பது என் தீர்மானம். ஊசியில் ஒரு முறை நூலைச் சுற்றி, கண்ணிக்குள் விட்டு நூலை இழுத்தால் ஊசியில் மூன்று வளையங்கள் இருக்கும்; மறுபடி நூலைச் சுற்றி மூன்றின் வழியாகவும் ஒரே இழுப்பில் எடுத்தால் ஒரு கண்ணி முடிந்தது.

ஊசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த நூலுக்குப் பலரும் 5 மி.மீ. ஊசியை எடுப்பார்கள், நான் 5.5 மி.மீ. எடுத்தேன். இறுக்கிப் பின்னினால்தான் கதகதப்பு என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். உண்மையில் நம்மைக் காப்பது இழைகளுக்குள் அசையாமல் சிறைப்பட்டு நிற்கும் காற்றுதான். நூலை இழுத்து நெருக்கினால் அந்தக் காற்றுக்கு இடமில்லாமல் போகிறது, துணியும் மென்மையை இழக்கிறது. கையைத் தளர்த்திப் பின்னிய மப்ளர் கழுத்தை இரண்டு சுற்றுச் சுற்றியதும் தானே ஒடுங்கிப் படிந்துகொள்கிறது. புதிதாகக் கற்பவர்களிடம் நான் முதலில் வற்புறுத்துவது இந்தத் தளர்வைத்தான்.

டிசம்பர் 3

பின்னலுக்கு அடித்தளமாக, வளையத்துக்குள் வளையமாக நூலை இழுத்து 22 சங்கிலி போட்டேன். அடிச்சங்கிலி இறுகினால் அந்த முனை மட்டும் சுருங்கி மப்ளர் விசிறி போல விரியும் என்பதால், சங்கிலிக்கு மட்டும் 6 மி.மீ. ஊசி. ஊசியிலிருந்து மூன்றாவது சங்கிலியில் முதல் ஹாஃப் டபுள். வரிசை முடிவில் 20 கண்ணிகள், அகலம் சுமார் 16 செ.மீ. அடுத்த வரிசைக்குத் திரும்பும்போது இரண்டு சங்கிலி போடுகிறேன். அதைக் கண்ணியாக எண்ணுவதில்லை, முதல் கண்ணியிலேயே ஊசியை விடுகிறேன்.

டிசம்பர் 9

பாதி நெருங்குகிறது. இதில் பெரிய நுட்பம் ஏதும் இல்லை, எண்ணிக்கை ஒன்றுதான் நுட்பம். வரிசையின் கடைசிக் கண்ணி ஓரத்தில் மடங்கி ஒளிந்துகொள்ளும். அதை விட்டால் 19, அடுத்து 18 என்று மப்ளர் சரிவாகக் குறுகும். முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் வேறு நிற நூல் துண்டைக் கோத்து அடையாளம் வைத்திருக்கிறேன்.

எண்ணும்போதெல்லாம் இந்த மலையின் தோடர் பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள். தடித்த வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக அவர்கள் போடும் பூவேலைக்கு முன்கூட்டி வரைந்த கோடு கிடையாது. துணியின் இழைகளைக் கண்ணாலும் விரலாலும் எண்ணியே வடிவம் எழுகிறது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த வேலைப்பாட்டை அருகில் இருந்து பார்த்தவர்களுக்கு, 20 கண்ணிகளை எண்ணுவது ஒரு சுமையாகவே தோன்றாது.

டிசம்பர் 18

130 செ.மீ. வந்ததும் நிறுத்தினேன். பெரியவர்களுக்கு 150 முதல் 180 வரை வேண்டும். ஓடியாடும் குழந்தைக்கு அந்த நீளம் காலில் சிக்கும். நூல் முனைகளைத் தடித்த ஊசியில் கோத்து, ஒரு திசையில் செலுத்தி, மறுபடி எதிர்த்திசையில் திருப்பி மறைத்தேன். முடிச்சு மட்டும் போட்டு ஒட்ட வெட்டினால் துவைக்கும்போது அவிழும்.

டிசம்பர் 25

குழந்தை வந்துவிட்டாள். குஞ்சம் கட்டும் வேலையை அவளுக்கென்றே விட்டு வைத்திருந்தேன். மூன்று இழைகளைச் சேர்த்து இரண்டாக மடித்து, விளிம்பின் கண்ணி வழியாக மடிப்பை ஊசியால் இழுத்து, உண்டான வளையத்துக்குள் நுனிகளை விட்டு இறுக்க வேண்டும். ஒரு கண்ணி விட்டு ஒரு கண்ணியில் ஒரு கொத்து. முதல் இரண்டை நான் காட்டினேன். “நான் பாத்துக்கிறேன் சித்தி, நீங்க நூலை மட்டும் எடுத்துக் குடுங்க” என்று மீதியை அவளே கட்டி முடித்தாள்.

டிசம்பர் 26

மப்ளரைக் குளிர்ந்த நீரில் மென்மையான சோப்பில் ஊறவைத்து, தேய்க்காமல் அலசினேன். வெந்நீரும் உராய்வும் சேர்ந்தால் கம்பளி இழையின் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி சுருங்கிக் கெட்டியாகிவிடும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்து, நிழலில் தட்டையாக விரித்திருக்கிறேன். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் நீண்டுபோகும். காய்ந்ததும் குஞ்சத்தைச் சீப்பால் நேராக்கி, அளவுகோல் வைத்து நுனிகளைச் சமமாக வெட்ட வேண்டும். துவைப்பதற்கு முன் வெட்டியிருந்தால், முடிச்சுகள் ஈரத்தில் இறுகும்போது நீளம் மறுபடி ஏறுமாறாகியிருக்கும். தொட்டபெட்டாவுக்கு நாளை மறுநாள்தான் போகிறோம், அதற்குள் காய்ந்துவிடும்.