வாசல் விளக்கு நான்கு நாள் எரிந்த கதை

நான்கு நாள் வெளியூர் போய்விட்டுத் திரும்பியபோது வாசலில் முதலில் கண்ணில் பட்டது மரத்தூள். கதவு நிலையில், பூட்டின் நாக்கு நுழையும் இடத்தில், மரம் விரலளவுக்குப் பிளந்திருந்தது. மிதியடி மேல் தூளும் சிராய்களும். தலைக்கு மேலே வாசல் விளக்கு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. வீட்டில் ஆள் இருப்பதுபோல் தெரியட்டும் என்று கிளம்பும்போது நான்தான் போட்டுவிட்டுப் போனேன்.

போனது ஒரு லேப்டாப், ஒரு கேமரா, மேசை இழுப்பறையில் வைத்திருந்த கொஞ்சம் ரொக்கம், மனைவியின் கைக்கடிகாரம். புகார் எழுதும்போது "லேப்டாப் சீரியல் நம்பர் என்ன?" என்று கேட்டார்கள். தெரியாது. காப்பீட்டுக்காரர்கள் பில் கேட்டார்கள். அதுவும் இல்லை. கேமராவின் சீரியல் எண் மட்டும் ஒரு வழியாகக் கிடைத்தது. அந்தக் கேமராவில் எடுத்த பழைய படக் கோப்பு ஒன்றைத் திறந்து அதன் விவரங்களைப் பார்த்தால், தேதி, லென்ஸ் எல்லாவற்றோடும் சீரியல் எண்ணும் பதிவாகியிருந்தது. நிறையக் கேமராக்கள் இப்படிப் பதிகின்றன. அதற்கு முன் எனக்கு அது தெரியாது.

இது இரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. இந்த வருடம் 12 நாள் பயணம் ஒன்று வந்தது. டிக்கெட் போட்ட அன்றிரவே வயிற்றைக் கலக்கியது. இந்த முறை ஒழுங்காகச் செய்வோம் என்று ஒரு மாதம் முன்பே ஆரம்பித்தேன்.

முதலில் செய்தது தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று, முன்பின் தெரியாதவன்போல் என் வீட்டைப் பார்த்தது. நின்ற 5 நிமிடத்தில் சென்ற முறை என்ன நடந்திருக்கும் என்று புரிந்துவிட்டது. கேட்டுக்கு வெளிப்புறம் தொங்கிய பூட்டு தெருமுனை வரை தெரிந்திருக்கும். விளம்பர நோட்டீஸ்கள் எடுக்க ஆளில்லாமல் சொருகியபடியே இருந்திருக்கும். இரவும் பகலும் எரியும் விளக்கு, ஆள் இருப்பதை அல்ல, அணைக்க ஆளில்லை என்பதைத்தான் காட்டும். வீடு காலி என்று நானே போர்டு மாட்டிவிட்டுப் போயிருக்கிறேன்.

நோட்டீஸ் விஷயம் சாதாரணமில்லை. கதவிடுக்கில் ஒரு காகிதத்தைச் செருகிவிட்டு, இரண்டு நாள் கழித்து அது அங்கேயே இருக்கிறதா என்று பார்ப்பது திருடர்களின் பழைய சோதனை.

அப்புறம் கதவு. ஆசாரி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "கதவு நல்ல கதவுதான் சார். நிலைதான் விட்டுக்கொடுத்திருக்கு." பூட்டின் நாக்கு நுழையும் தகட்டைப் பிடித்திருந்த திருகாணிகளைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். இரண்டே இரண்டு, ஒவ்வொன்றும் 20 மில்லிமீட்டர்கூட இருக்காது. அவ்வளவு கனமான கதவைப் பிடித்துக்கொண்டிருந்தவை அவைதான். இப்போது நீளமான தகடு போட்டு, நிலையைத் தாண்டிச் சுவருக்குள் இறங்கும் 75 மி.மீ. திருகாணிகள் போட்டிருக்கிறது. பூட்டையும் மாற்றச் சொன்னார். பழையது ஸ்பிரிங் நாக்கு. சாத்தினால் தானாக விழும், நாக்கின் முனை சரிவாக இருக்கும். அந்தச் சரிவில் ஒரு பிளாஸ்டிக் அட்டையை நுழைத்துத் தள்ளினாலே பின்னால் போய்விடும். என் கண்முன்னால் பழைய அடையாள அட்டை ஒன்றால் செய்தும் காட்டினார். நான்கு விநாடி ஆகியிருக்கும். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. புதியது சாவியைத் திருப்பினால்தான் நகரும் முழு நாக்கு, நிலைக்குள் 25 மி.மீ. போய் உட்காருகிறது. கேட்டுக்கு இரு பக்கமிருந்தும் பூட்டும் வசதி வைத்து, பூட்டை உள்பக்கமாகத் திருப்பிவிட்டோம்.

மொத்தச் செலவில் இதுதான் குறைவு, பலன் இதில்தான் அதிகம் என்பது என் கணிப்பு. நான் முதலில் வாங்கியதோ கண்காணிப்புக் கேமரா!

கேமராவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏதோ அசைகிறது என்று முதல் இரவே 43 முறை போன் அலறியது. திருடன் இல்லை, சிலந்தி. இரவில் கேமராவைச் சுற்றிப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வரும், லென்ஸுக்கு முன்னாலேயே வலை கட்டும். வாரம் ஒருமுறை துடைக்க வேண்டியிருக்கிறது. அதைவிட முக்கியமான ஒன்று: பதிவு கேமராவுக்குள் இருக்கும் மெமரி கார்டில் மட்டும் இருந்தால், கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போகிறவன் சாட்சியையும் சேர்த்தே கொண்டுபோவான். அதனால் பதிவு வெளியே சேமிப்பாகும்படி வைத்து, மின்சாரம் போனாலும் இணையம் இருக்க வேண்டுமே என்று ரூட்டரை யூபிஎஸ்ஸில் மாட்டினேன். வாங்கும்போது இருந்த பாஸ்வேர்டையும் மாற்றினேன்.

வாசல் விளக்குக்குப் பதில் இந்த முறை டைமர். சுவர் பிளக்கில் சொருகும் சாதாரண வகை. சுற்றிலும் 96 குட்டிப் பற்கள், ஒவ்வொன்றும் 15 நிமிடம். மாலை 6.30 முதல் 10.45 வரை உள்ள பற்களை அழுத்தி, கூடத்து விளக்கை அதில் கொடுத்தேன். படுக்கையறைக்கு இன்னொன்று, 10.30க்கு மேல் ஒரு மணி நேரம். பெருமையாக மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆனால் கூடத்து டைமரில் இப்போதைய நேரத்தைத் திருப்பி வைக்கும்போது காலை 9க்குப் பதில் இரவு 9 என்று வைத்துவிட்டேன். பயணத்தின் முதல் நாள் காலை எதிர்வீட்டு அக்கா போன் செய்தார். "தம்பி, நீங்க ஊருக்குப் போகலையா? உங்க வீட்டு ஹால்ல லைட் எரியுதே." நல்லவேளை, சாவி அவரிடம்தான் இருந்தது.

சாவியை அவரிடம் கொடுத்ததே இந்த ஏற்பாடுகளில் மிகச் சரியான முடிவு. முன்பெல்லாம் பூந்தொட்டிக்கு அடியில் வைப்போம். பூந்தொட்டி, மிதியடி, மீட்டர் பெட்டி — எல்லோரும் வைக்கும் இடம் எல்லோருக்கும் தெரிந்த இடம்தானே. அக்காவிடம் மூன்றே வேலை சொன்னேன்: வாசலில் கிடக்கும் காகிதம், பார்சல் எதுவானாலும் எடுத்துவிடுவது, ஜன்னல் திரைகளை ஒருநாள் விட்டு ஒருநாள் கொஞ்சம் மாற்றி வைப்பது, சந்தேகமாக ஏதாவது கண்டால் உள்ளே போகாமல் போலீசுக்குச் சொல்வது. மூன்றாவதை இரண்டு முறை சொன்னேன். அவர் தைரியசாலி, துடைப்பத்தோடு போய்விடுவார்.

கிளம்பும் வாரம் நண்பர் ஒருவரைக் கூப்பிட்டு, "நீ திருடனா இருந்தா எப்படி நுழைவே?" என்று கேட்டேன். வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பின்பக்கம் சுவரில் சாய்த்திருந்த எங்கள் ஏணியையே எடுத்து மாடி பால்கனியில் வைத்தார். பால்கனிக் கதவு வெறும் தாழ்ப்பாள். முன்கதவுக்கு இவ்வளவு செய்த எனக்கு ஏணி கண்ணிலேயே படவில்லை. அன்றே ஏணி உள்ளே போனது, பால்கனிக்குப் பூட்டு வந்தது. நகரும் ஜன்னல்களின் தடத்தில் அளவாக வெட்டிய மரக்குச்சியைப் போட்டோம். குச்சி கிடக்கும்வரை ஜன்னல் நகராது.

வீட்டில் ஒரு சண்டையும் நடந்தது. மகளுக்கு விமான நிலையத்திலேயே படம் போட வேண்டும். திரும்பி வந்த பிறகு போடு என்றேன். "அதுக்கப்புறம் யாருப்பா பார்ப்பாங்க?" என்றாள். நெருங்கிய தோழிகள் நாலு பேருக்கு மட்டும் அனுப்பலாம் என்று உடன்பாடானது. சூட்கேஸ் அட்டையில் வீட்டு முகவரிக்குப் பதில் பெயரும் போன் நம்பரும் மட்டும் எழுதினோம்.

காப்பீட்டுப் பத்திரத்தையும் இந்த முறை முழுக்கப் படித்தேன். வீடு தொடர்ந்து இத்தனை நாள் காலியாக இருந்தால் திருட்டுக்கு இழப்பீடு கிடையாது என்று ஒரு வரி பல பாலிசிகளில் இருக்கும். எங்களுடையதில் 30 நாள். 12 நாளுக்குப் பிரச்சினையில்லை. ஒவ்வொரு அறையாக வீடியோ எடுத்து, சீரியல் எண்களையும், *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்களையும் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்), பில்களையும் சேர்த்து ஆன்லைனில் ஏற்றிவைத்தேன். நகை வங்கி லாக்கருக்குப் போனது.

திரும்பி வந்தபோது கதவு போட்டது போட்டபடி இருந்தது. அக்கா நோட்டீஸ்களை ஒரு பையில் போட்டு வைத்திருந்தார்: 17. படுக்கையறை டைமர் 1 மணி 10 நிமிடம் பின்தங்கியிருந்தது. மின்சாரம் போன நேரமெல்லாம் அதன் முள்ளும் நின்றிருக்கிறது. கடைசி நாட்களில் எங்கள் வீட்டில் யாரோ நள்ளிரவு தாண்டி விழித்திருந்திருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் காணவில்லை. பழைய படங்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்கை, கிளம்புவதற்கு முந்தைய இரவு, எவன் வந்தாலும் தேடமாட்டான் என்ற ஓர் இடத்தில் ஒளித்து வைத்தேன். மூன்று நாளாகத் தேடுகிறேன்.