ஒற்றைச் செருப்பு

"அத்தை, வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சு!"

பக்கத்து வீட்டுப் பையன் கத்திக்கொண்டே ஓடினான். பின்னாலேயே போனேன்.

தண்ணீர் என்று சொல்ல முடியாது. மண் நிறத்தில் ஒரு நாக்கு. முன்னால் நுரை, சருகு, ஒற்றை ரப்பர் செருப்பு. வெடிப்பு ஒவ்வொன்றிலும் இறங்கி, குமிழி விட்டு, நிரம்பிய பிறகுதான் அடுத்த அடி நகர்ந்தது.

மேட்டூர் திறந்து எத்தனை நாளாச்சு! நாங்கள் கடைமடை, தண்ணீர் கடைசியாக வந்துசேரும் ஊர்; காத்திருந்துதான் பழக்கம்.

குடகில் தலைக்காவிரி தொடங்கி பூம்புகார் வரை காவிரிக்குச் சுமார் 800 கிலோமீட்டர். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் பங்கு வாங்கிக்கொள்கின்றன. அப்புறம் குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று கொடுத்துக்கொண்டே வருகிறாள்.

மற்ற ஆறுகள் கடலை நெருங்க நெருங்க அகலமாகும் என்பார்கள். இவள் இளைத்துப்போகிறாள். திருச்சியில் அகண்ட காவிரியைப் பார்த்தவர்களைப் பூம்புகாருக்குக் கூட்டிவந்தால், "இதுவா அது?" என்றுதான் கேட்பார்கள்.

பையனின் அப்பாயி வாய்க்காலில் இறங்கி, கலங்கல் தண்ணீரை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவனோ, செருப்புக்கு ஜோடி வருமா என்று மதகடியில் இன்னும் உட்கார்ந்திருக்கிறான்.