கதவுக்கு அந்தப் பக்கம்

பிப்ரவரி 28, 2025 (17ஆம் நாள்)

காலையில் ரத்தப் பரிசோதனை முடிவோடு சிஸ்டர் உள்ளே வந்தபோது, முகக்கவசத்துக்கு மேலே அவர் கண்கள் சிரித்தன. "540" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. இந்த வார்டில் யாரும் யாரையும் "எப்படி இருக்கீங்க" என்று விசாரிப்பதில்லை. "கவுண்ட் எவ்வளவு?" அவ்வளவுதான் கேள்வி.

கவுண்ட் என்றால் நியூட்ரோஃபில், அதாவது கிருமி வந்தால் முதலில் ஓடிப் போகும் வெள்ளையணுக்கள். ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் பெரும்பாலும் 1,500க்கு மேல் இருக்கும். எனக்குப் பத்து நாள் பூஜ்யம். என் ரத்தப் புற்றுநோயை அழிக்கக் கொடுத்த கீமோ, ரத்தம் உற்பத்தியாகும் என் எலும்பு மஜ்ஜையையும் சேர்த்தே துடைத்துவிட்டது. அதற்குப் பிறகு, பிப்ரவரி 11 அன்று தம்பியின் ஸ்டெம்செல்களை, அதாவது புது ரத்தத்தை உண்டாக்கும் மூல செல்களை, எனக்கு ஏற்றினார்கள். அந்த நாளிலிருந்துதான் இங்கே எல்லாவற்றுக்கும் கணக்கு. முந்தாநாள் 210. நேற்று 380.

500ஐத் தாண்டி மூன்று நாள் தொடர்ந்து நின்றால் செல்கள் பிடித்துவிட்டன என்று அர்த்தம். இன்னும் இரண்டு நாள். தம்பிக்கு எண்ணை மட்டும் அனுப்பினேன். அவன் பதில் எழுதவில்லை, உடனே கூப்பிட்டான். கூப்பிட்டும் பேசவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

மார்ச் 2 (19ஆம் நாள்)

நேற்று 620, இன்று 910. டாக்டர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். நாளை வராந்தாவில் நடக்கலாமாம், காய்ச்சல் எதுவும் வராமல் இருந்தால் மூன்று நாளில் வீட்டுக்கே போகலாமாம்.

இந்த வார்த்தைக்காக ஒரு மாதமாகக் காத்திருந்தேன். வந்தபோது எனக்குக் கை சில்லிட்டது.

இந்த அறையைப் பற்றி எழுதி வைக்க வேண்டும், பிறகு மறந்துவிடும். கூரையில் ஒரு காற்று வடிகட்டி, ஹெப்பா என்பார்கள். 0.3 மைக்ரான் அளவுத் துகளில்கூட 100க்கு 99.97ஐப் பிடித்துவிடும். அறைக்குள் காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிடச் சற்று அதிகம். கதவைத் திறந்தால் உள்காற்றுதான் வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே நுழையாது. அந்த வடிகட்டி இரவும் பகலும் ஒரே ஸ்வரத்தில் உறுமிக்கொண்டே இருக்கும். முதல் வாரம் அந்தச் சத்தம் என்னைப் பைத்தியமாக்கியது. வாய் முழுக்கப் புண்ணாகி எச்சில்கூட விழுங்க முடியாமல் கிடந்த இரண்டாவது வாரத்தில் அதுதான் துணை. சத்தம் இருக்கிறது என்றால் காற்று சுத்தமாக இருக்கிறது, எனக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது அதை விட்டுவிட்டு வெளியே போ என்கிறார்கள்.

மார்ச் 3

வராந்தா. இருபத்தெட்டு நாளில் முதல் முறையாக வாசற்படியைத் தாண்டினேன். என் கணவர் கையைப் பிடித்துக்கொண்டார், கையுறையோடுதான். கதவு திறந்ததும் பின்னாலிருந்து காற்று என் கணுக்காலைத் தள்ளியது. சரி, போ என்று அறையே சொன்ன மாதிரி இருந்தது.

பன்னிரண்டு அடி நடந்தேன், தொடை நடுங்கியது. படுத்தே கிடந்தால் தசை இவ்வளவு சீக்கிரம் கரைந்துபோகும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். பக்கத்து அறைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வயதானவர் படுக்கையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையைத் தூக்கினேன். அவர் இரண்டு கையையும் கூப்பினார். கவுண்ட் எவ்வளவோ, பாவம்.

மார்ச் 5 (22ஆம் நாள்)

டிஸ்சார்ஜ். மாத்திரை அட்டவணை இரண்டு பக்கம். தம்பியின் செல்கள் என் உடம்பை அந்நியமாக நினைத்துத் தாக்காமல் இருக்க சைக்ளோஸ்போரின், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. அப்புறம் பூஞ்சைக்கு ஒன்று, வைரஸுக்கு ஒன்று. மண்ணைத் தொடக்கூடாது, தொட்டிச் செடி வேண்டாம், பூக்கள் வேண்டாம், தூசி பறக்கும் இடத்துக்கே போகக்கூடாது. சாப்பாடு நன்றாக வெந்து சூடாக இருக்க வேண்டும். காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரி ஆனாலும் கிளம்பி வரவேண்டும், காலை வரை பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது. சிஸ்டர் இந்தக் கடைசி விஷயத்தை மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்துச் சொன்னார்.

காரில் ஜன்னல் ஏற்றியே இருந்தது. வெளியே ஒருவர் தும்மியதைப் பார்த்துவிட்டு நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தும்மினதற்கு!

வீட்டு வாசலில் மகள் நின்றாள். ஏழு வயது. வார்டுக்குள் குழந்தைகளை விடமாட்டார்கள், ஒரு மாதமாக போனில்தான் பார்த்தோம். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். வரவில்லை. சோப்பு போட்டுக் கழுவிய இரண்டு கையையும் விரித்துக் காட்டியபடி நின்ற இடத்திலேயே நின்றாள். "அம்மா, தொடலாமா?" என்று கேட்டாள்.

தொடலாம் கண்ணு, தொடலாம்.

கையுறை இல்லாத கை. அதன் சூடு மறந்தே போயிருந்தது.

மார்ச் 6

தூக்கம் வரவில்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருக்கிறது. இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எதற்கென்று அவருக்குப் புரியவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை. பிறகுதான் பிடிபட்டது, அந்த உறுமல் இல்லை. காது அதைத் தேடிக்கொண்டே இருக்கிறது. இரவில் நான்கு முறை காய்ச்சல் பார்த்தேன். 36.8, 36.9, 36.8, 37.

வெளியே வந்தாயிற்று, இனி என்ன பயம் என்று போனில் எல்லோரும் சொல்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் எனக்கு இப்போது இருப்பது பிறந்த குழந்தையின் எதிர்ப்புச் சக்திகூட இல்லை. சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளின் பலனெல்லாம் கரைந்துவிடும். சில மாதம் கழித்து முதலிலிருந்து மறுபடி போட வேண்டும், தட்டம்மை ஊசி போல உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்யும் ஊசிகளுக்கு இரண்டு வருடமாவது ஆகும். மகளுக்கு வரிசையாகப் போட்ட அதே ஊசிகள். அறையை விட்டு வந்துவிட்டேன். தனிமை முடியவில்லை, கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

மார்ச் 10 (27ஆம் நாள்)

பரிசோதனை நாள். காலை மாத்திரையைச் சாப்பிடாமல் கையிலேயே எடுத்துக்கொண்டு போனேன், ரத்தத்தில் சைக்ளோஸ்போரின் அளவு பார்த்த பிறகுதான் போட வேண்டும். கவுண்ட் 1,800. பிளேட்லெட் 46,000, யாருடைய ரத்தமும் ஏற்றாமலே.

காத்திருந்த நேரத்தில் 1957ஐப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் எட்வர்ட் டானல் தாமஸ் என்ற மருத்துவர் ஆறு நோயாளிகளுக்கு அடுத்தவர் மஜ்ஜையை ரத்தக்குழாய் வழியே செலுத்திய முடிவுகளை வெளியிட்ட வருடம். அந்த ஆறு பேரும் பிழைக்கவில்லை. அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1990இல். பரிசு வாங்கியவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அந்த ஆறு பேர்தான் மனதில் நிற்கிறார்கள். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அது அவர்களாலும்தான்.

மார்ச் 18 (35ஆம் நாள்)

உள்ளங்கை சிவந்து அரித்தது. மாலைக்குள் காது மடலும் சிவந்துவிட்டது. எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள், தம்பியின் செல்கள் என் தோலைத் தாக்கினால் முதலில் இப்படித்தான் தெரியுமாம். காய்ச்சல் 37.6. பையை எடுத்து வைத்துவிட்டுக் கிளம்பினோம். போகிற வழியெல்லாம் அந்த அறைதான் கண்ணில் தெரிந்தது. உண்மையை எழுதுகிறேன், அதில் பாதி பயம், பாதி ஏக்கம்.

அட்மிஷன் வேண்டாம் என்றார் டாக்டர். தோலோடு நிற்கிறது, வயிறும் ஈரலும் நன்றாக இருக்கின்றன. ஸ்டீராய்டு களிம்பு கொடுத்து, மாத்திரை அளவைக் கூட்டினார்.

இரவு தம்பி கூப்பிட்டான். "என் செல்தானே அக்கா உன்னைப் படுத்துது" என்றான். குரல் உடைந்திருந்தது. கூடப் பிறந்தவர்களில் முழுத் திசுப் பொருத்தம் நாலில் ஒருவருக்குத்தான் அமையும். எனக்கு இருப்பது ஒரே தம்பி, அவனே பொருந்தினான். அவனிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன்: இது லேசாக வந்து போனால் கெட்டதில்லை, என் தோலை அந்நியம் என்று கண்டுபிடிக்கிற அதே செல்கள்தான் ஒளிந்திருக்கும் புற்றுநோய் செல்லையும் தேடிப் பிடிக்கும். "சின்ன வயசுலயும் நீ என்னை அடிச்சுட்டு, அப்புறம் தெருவுல யாராவது அடிச்சா நீதானேடா ஓடி வருவ" என்றேன். வெகுநேரம் கழித்துச் சிரித்தான்.

மார்ச் 23 (40ஆம் நாள்)

சிவப்பு வடிந்துவிட்டது. உள்ளங்கையில் தோல் உரிகிறது, அடியில் புதுத் தோல் இளஞ்சிவப்பாக இருக்கிறது. மகள் அதை விரலால் தடவிப் பார்த்து "வலிக்குதா?" என்றாள். வலிக்கவில்லை. வீட்டு வராந்தாவின் எல்லை வரை இப்போது ஆறு முறை நடக்கிறேன்.

நேற்று இரவு பத்தரைக்குப் படுத்தேன். காய்ச்சல் பார்க்க மறந்துவிட்டேன். காலையில் மாத்திரை அலாரம் அடித்துத்தான் கண் விழித்தேன்.