பள்ளிப்பட்டிக்கு ஒரு பாட்டில் தண்ணீர்

பிப்ரவரி மாதத்து மூன்றாம் சனிக்கிழமை. காலை ஐந்தரை மணிக்கு தருமபுரி பேருந்து நிலையத்தில் இன்னும் பனி இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, வயர் கூடையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கூடையில் நாலு மெழுகுவர்த்தி, ஒரு பொட்டலம் பொரி, ஜெபமாலை, அப்புறம் பழைய குளிர்பான பாட்டில் ஒன்று. அதில் நிரம்ப எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர்.

"இதை எதுக்கும்மா தூக்கிட்டு வர்றே? போற இடத்துல தண்ணி கிடைக்காதா?"

"குடிக்க இல்ல பாப்பா. மாதாகிட்ட காட்டணும்."

எனக்கு நாற்பத்திரண்டு வயது ஆகிறது. அம்மாவுக்கு இன்னும் நான் பாப்பாதான்.

பொம்மிடிக்குப் பக்கத்தில் இருக்கும் பி.பள்ளிப்பட்டி லூர்து அன்னை திருத்தலத்துக்குத்தான் கிளம்பியிருந்தோம். லூர்து மாதா திருநாள் பிப்ரவரி 11. 1993இலிருந்து அதே நாள் உலக நோயாளர் நாளும்கூட. ஆனால் திருநாள் கூட்டத்தில் அம்மாவால் நிற்க முடியாது. யாராவது லேசாக முட்டினாலும் சாய்ந்துவிடுவாள். அதனால் கூட்டம் வடிந்த பிறகு, மாதாவுக்குரிய சனிக்கிழமையாகப் பார்த்துப் போவது எங்கள் வழக்கமாகிவிட்டது.

அம்மாவின் முதுகைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாங்கள் பென்னாகரம் பக்கத்துக் கிராமம். எங்கள் பக்கத்து ஆட்களைப் பல்லை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாகக் கறை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. நான் பத்தாம் வகுப்பு படித்தபோது எடுத்த குரூப் போட்டோ வீட்டில் இருக்கிறது. அதில் ஒரு பிள்ளைகூட வாயைத் திறந்து சிரிக்கவில்லை. பல்லோடு போயிருந்தால் பரவாயில்லை. அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் முட்டி மடங்காமல் போனது. பிறகு இடுப்பு, பிறகு கழுத்து. ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு வருடம் வாதம் என்றே சொல்லி ஊசி போட்டார்கள். வலி மாத்திரை தின்று வயிறு புண்ணானதுதான் மிச்சம். கடைசியில் வேறொரு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மருந்தைப் பற்றி ஒன்றும் கேட்காமல், "எந்த ஊர்த் தண்ணீம்மா குடிச்சீங்க?" என்று கேட்டார்.

புளோரைடு. எங்கள் மாவட்டத்தின் பாறையில் இருப்பது நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குடிக்க ஆகாது என்பார்கள். அதற்கு மேல் உள்ள தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் முதலில் பல், அப்புறம் எலும்பு. முதுகெலும்பு இறுகிப்போய் ஆள் முன்பக்கமாக வளைந்துவிடும்.

டாக்டர் சொன்ன இன்னொரு விஷயம்தான் அம்மாவை உடைத்தது. தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது அப்படியே தங்கி இன்னும் கெட்டியாகும். அம்மாவோ பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கக்கூடாது என்று தினமும் அடுப்பில் வைத்துக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, ஆற வைத்துக் கொடுத்தவள். வீட்டுக்கு வந்து, "நானேதான் காய்ச்சிக் காய்ச்சிக் குடுத்தேன்" என்று ஒரு தடவை சொன்னாள். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அப்போதெல்லாம் நான் ஜெபித்த ஜெபத்தை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. ஒன்பது சனிக்கிழமை நவநாள், முடிந்தால் மொட்டை, முடியாவிட்டால் இன்னும் ஒன்பது சனிக்கிழமை என்று பேரம்தான். நான் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறவள். பாக்கி வராத வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவோமோ அப்படித்தான் மாதாவிடம் பேசியிருக்கிறேன். முதுகு நிமிரவில்லை. நான் ஜெபமாலையை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு இரண்டு வருடம் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் போவேன். அதுவும் அம்மாவின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போக ஆள் வேண்டும் என்பதற்காக.

பேருந்து தருமபுரியைத் தாண்டியதும் வெளிச்சம் வந்துவிட்டது. சாலையோரத்தில் புளியை உலுக்கித் தார்ப்பாயில் குவித்திருந்தார்கள். மாந்தோப்பு முழுக்கப் பூ. ஜன்னல் வழியாக அந்த வாசம் வந்து மூக்கில் ஏறியது. தூரத்தில் சேர்வராயன் மலை பனிக்குள் பாதி தெரிந்தது. அம்மாவுக்கு ஜன்னலோர இருக்கை. ஆனால் அவளால் கழுத்தைத் திருப்ப முடியாது. நான்தான் சொல்லிக்கொண்டே வர வேண்டும். "மாம்பூ இந்த வருஷம் நல்லா இருக்கும்மா." "மலை தெரியுதா?" "பாதி தெரியுது." "பாதி தெரிஞ்சா போதும், வெயில் ஏறினா மீதி தெரியும்."

பொம்மிடியில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது காலைப் பூசை முடியும் நேரம். நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கிவிட்டு வெளியே வந்தோம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களும் சேர்ந்ததுதான் எங்கள் மறைமாவட்டம், 1997இல் சேலத்திலிருந்து பிரிந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். கன்னடமும் தெலுங்கும் கலந்த தமிழில் ஓசூர் பக்கத்துக் குடும்பம் ஒன்று பேசிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் சிலர் இன்னும் பழைய மந்திரத்தையே சொல்கிறார்கள். "அருள் நிறைந்த மரியே" என்று மைக்கில் வர, அம்மா அதன்மேல் ஏறி "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்றாள். சின்ன வயதில் அந்த வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரியாது, ஏதோ பேர் என்று நினைத்திருந்தேன். பிறகுதான் பிரித்துப் பார்த்தேன். பிரியமாய்த் தத்தம் பண்ணியது. கேட்டதற்காக இல்லை, பிரியத்தில் தந்தது. 'அருள்' நல்ல சொல்தான், ஆனால் இந்தப் பழைய சொல்லில் கொடுக்கிற கை தெரிகிறது.

மாதாவின் குகையான கெபியின் முன்னால் அம்மாவை நிறுத்தினேன். லூர்து கெபி எங்கே இருந்தாலும் அமைப்பு ஒன்றுதான். மேலே பாறைக் குடைவில் வெள்ளை உடை, நீல இடைக்கச்சையோடு மாதா. கீழே தரையில் முழங்காலில், லூர்தில் மாதாவைக் காட்சியில் கண்ட பிள்ளை பெர்னதெத். எல்லோரும் அண்ணாந்து மேலே பார்த்துக் கும்பிட்டார்கள். அம்மாவும் பார்க்க முயற்சி பண்ணினாள். தடியை ஊன்றி, உடம்பையே பின்னால் சாய்த்து. முடியவில்லை. அவளுடைய கண் மட்டத்துக்கு எட்டியது கீழே இருந்த பெர்னதெத் மட்டும்தான்.

"தூக்கிப் பிடிக்கட்டுமாம்மா?" என்றேன்.

"வேண்டாம் விடு. எனக்கு இந்தப் பிள்ளையே போதும். இவ பார்க்கிறா இல்ல?"

பெர்னதெத்தின் முகம் மேலே மாதாவைப் பார்த்தபடி இருந்தது. அம்மா அந்த முகத்தைப் பார்த்தபடி நின்றாள். நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அம்மாவின் காலைப் பார்த்தேன். வெறுங்கால். செருப்பை எங்கே விட்டாள் என்றே நான் கவனிக்கவில்லை.

பெர்னதெத் கதை அம்மாவுக்கு மனப்பாடம். பதினாலு வயசுப் பிள்ளை, ஆஸ்துமாக்காரி, பிழைப்பு நொடித்துப்போன குடும்பம். ஒரு காலத்தில் சிறையாக இருந்த ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். பிரான்ஸ் நாட்டு லூர்தில் 1858 பிப்ரவரி 11 அன்று விறகு பொறுக்கப் போன இடத்தில் முதல் காட்சி. ஜூலை வரை மொத்தம் 18 தடவை. பிப்ரவரி 25 அன்றைக்குத்தான் ஊற்று. ஊற்றில் போய்க் குடி, முகம் கழுவு என்று அன்னை சொல்ல, பிள்ளைக்கு ஊற்று எதுவும் கண்ணில் படவில்லை. ஆற்றுப் பக்கம் போனாள். அங்கே இல்லை என்றதும் குகைக்குள் போய்க் கையால் மண்ணைக் கிளறினாள். வந்தது சேறு. முதலில் அள்ளியதைக் கீழே ஊற்றிவிட்டு, கடைசியில் எப்படியோ ஒரு வாய் குடித்தாள். முகமெல்லாம் சேறு. பார்க்க வந்த கூட்டம் பைத்தியம் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டியது.

நான் எத்தனையோ பிரசங்கத்தில் இந்த இடத்தைக் கேட்டிருக்கிறேன். கீழ்ப்படிதல் என்பார்கள், தாழ்ச்சி என்பார்கள். அம்மா சொன்னது வேறு.

"மணல்ல ஊத்து தோண்டினா முதல்ல கலங்கல்தான் வரும். அது தெரியாதவங்கதான் சிரிச்சிருப்பாங்க."

அவள் தோண்டியிருக்கிறாள். ஊரில் ஆழ்குழாய் வருவதற்கு முன்னால், கோடையில் ஆற்று மணலில் முழங்கை ஆழம் பள்ளம் எடுப்பார்களாம். கலங்கலை இறைத்து வெளியே கொட்டிவிட்டு உட்கார்ந்துகொள்ள வேண்டும். மறுபடி ஊறும், மறுபடி கலங்கல். மூன்றாவது தடவை, நாலாவது தடவை ஊறி வருவதுதான் கண்ணாடி மாதிரி இருக்கும். அதைக் கொட்டாங்குச்சியில் மெதுவாக, அடி கலங்காமல் மொண்டு மொண்டு குடத்தை நிரப்ப அரை மணி ஆகும். "அவசரப்பட்டுக் கையை விட்டா திரும்ப முதல்லேர்ந்து." சொல்லும்போதே அம்மாவின் வலது கை காற்றில் மொண்டது. கை மட்டும் இன்னும் நன்றாக வளைகிறது.

லூர்தில் அந்த ஊற்று இன்னும் ஓடுகிறது. திருச்சபை ஆராய்ந்து பார்த்துப் அற்புதம் என்று ஏற்றுக்கொண்ட நோய் நீங்கல்கள் இத்தனை வருடத்தில் 70-ஐ ஒட்டித்தான் வரும். ஊற்றைத் தோண்டிய பிள்ளைக்கோ நோய் தீரவில்லை. கன்னியர் மடத்தில் சேர்ந்து, படுத்த படுக்கையாகி, 1879இல் 35 வயதில் இறந்துபோனாள். 1933இல் புனிதை ஆக்கினார்கள். இது எனக்கு ரொம்ப நாள் உறுத்தல். அன்றைக்கு அம்மாவிடம் கேட்டே விட்டேன், தோண்டினவளுக்கே இல்லாத தண்ணி என்னம்மா தண்ணி என்று. அம்மா யோசிக்காமல், "தண்ணிய யாரு தனக்குன்னு மட்டும் தோண்டுவா?" என்றாள்.

பிறகு பாட்டிலை எடுத்துக் கெபியின் படியில் வைத்தாள். பக்கத்தில் எல்லோரும் எண்ணெய், மெழுகுவர்த்தி, குழந்தையின் உடுப்பு என்று வைத்திருக்க, நடுவில் எங்கள் குளிர்பான பாட்டில். லேபிள்கூடக் கிழிக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். இளவயது சாமியார் ஒருவர் மந்திரிக்க வந்தார்.

"தோத்திரம் சாமி. இது ஒகேனக்கல் தண்ணி," என்றாள் அம்மா.

அவருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் சுருக்கமாகச் சொன்னேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி, காவிரித் தண்ணீர் சுத்திகரித்துக் குழாயில் வந்தது, அதற்கு முன்னால் நாங்கள் குடித்தது போர்வெல் தண்ணீர், அம்மாவுக்கு எலும்பில் புளோரைடு. சாமியார் அம்மாவின் முதுகைப் பார்த்தார். "குணமாக வேண்டிக்கணுமா அம்மா?"

"இல்ல சாமி. பேத்திக்குப் பல்லு வெள்ளையா இருக்கு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. நான் தினமும் பார்க்கிற பல். காலையில் பிரஷ் பண்ணாமல் ஓடுகிறாள் என்று திட்டத்தான் செய்திருக்கிறேன். பாக்கிப் புத்தகத்தையே புரட்டிக்கொண்டிருந்ததில் இது வரவில் ஏறவே இல்லை.

சாமியார் சிறிது நேரம் ஒன்றும் சொல்லாமல் நின்றார். பிறகு பாட்டிலின்மேல் சிலுவை போட்டு மந்திரித்தார். அம்மாவின் தலையிலும் கை வைத்தார். குனிந்தே இருக்கும் தலை என்பதால் அவருக்குச் சிரமம் இல்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் வெயில். சேர்வராயன் மலை முழுசாகத் தெரிந்தது, அம்மாவிடம் சொன்னேன். பொரியைக் கொறித்துக்கொண்டே தலையாட்டினாள். மந்திரித்த பாட்டில் மடியில் குலுங்கியது.

அன்று ராத்திரி ஆணியிலிருந்து ஜெபமாலையை எடுத்தேன். அம்மாவுக்குத் தூங்கும் முன் ஒரு வழக்கம் உண்டு. ஜெபமாலை முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, அன்றைக்கு வந்தது என்னென்ன என்று ஒவ்வொன்றாகச் சொல்லி "தோத்திரம் ஆண்டவரே" என்பாள். மாடு வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றிய காலத்தில் வந்த பழக்கமாக இருக்கும், அதற்கு அவள் வைத்த பெயரே 'வரவு சொல்றது'. இன்றைக்கு நீ சொல் என்றாள்.

பேருந்தில் உட்கார இடம் கிடைத்ததற்குத் தோத்திரம் என்றேன். உச்சி வெயில் ஏறும் முன் வீடு வந்ததற்குத் தோத்திரம். பிள்ளையின் பல்லுக்குத் தோத்திரம். அப்புறம் ஒன்றும் வரவில்லை. கண்ணை மூடி யோசித்தேன். கேட்பதற்கு என்றால் வரிசையாக வருகிறது, வந்ததைச் சொல்ல மூன்றோடு நின்றுவிட்டது.

இருட்டில் அம்மாவின் குரல் வந்தது. "ஏன் நிறுத்திட்டே? சாயங்காலம் சிலிண்டர் வந்துச்சே."