நாசரேத்தில் மூன்று ஏலங்கள்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குப் போகும் ரயில் செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று தாமிரபரணிப் பாசனத்தை ஒட்டியே செல்கிறது. நான் போனது பிப்ரவரி மாதக் கடைசிச் சனிக்கிழமை. பிசானப் பருவத்து நெல் பாதி அறுவடையாகியிருந்தது. அறுத்த வயல்களில் கொக்குகள் இறங்கியிருந்தன, அதற்கு அப்பால் வாழைத் தோட்டங்கள். ஆழ்வார்திருநகரிக்கு அடுத்த நிலையம் நாசரேத். ஆற்றுப் பாசனம் முடிந்து, பனை நிற்கும் செம்மண் பூமி தொடங்குகிற எல்லையில் இந்த ஊர் இருக்கிறது. வடக்கேயிருந்து வாழையும் நெல்லும், தெற்கேயிருந்து கருப்பட்டியும் ஓலைச் சாமான்களும் வந்து கூடுவதால், ஊரின் அளவுக்கு மிஞ்சிய கடைத்தெரு ஒன்று இங்கே உண்டு.

இரண்டு இரவு தங்குவதாக ஏற்பாடு. பேராலயத்தைப் பார்க்க வேண்டும், கடைத்தெருவில் சுற்ற வேண்டும் என்பதைத் தவிர வேறு திட்டம் எதுவும் எனக்கு இல்லை. ஆனால் திரும்பி வரும்போது மனத்தில் நின்றவை மூன்று ஏலங்கள். கடைத்தெருவில் ஒன்று, கோவில் வளாகத்தில் ஒன்று, பேரூராட்சி அலுவலகத்தில் ஒன்று. மூன்றிலும் ஒரே மனிதர் இருந்தார் என்பதால்தான் அவற்றைச் சேர்த்து நினைக்கத் தோன்றியது.

அந்த மனிதர் ஒரு கருப்பட்டி வியாபாரி. அறுபது வயதைத் தாண்டியவர். கடைக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என்னை, "உள்ள வாங்க தம்பி, வெயில்ல ஏன் நிக்கீங்க?" என்று அழைத்து ஸ்டூல் போட்டார். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றே அழைத்ததால் நானும் அப்படியே அழைத்தேன். புதுக் கருப்பட்டி வரத்து அப்போதுதான் தொடங்கியிருந்தது. கடையின் பாதியை அடைத்திருந்தவை சென்ற பருவத்துச் சிப்பங்கள். பழைய கருப்பட்டிக்குத்தான் மருந்துக்கடைக்காரர்களிடம் மதிப்பு அதிகம் என்றார். ஒரு வட்டை எடுத்து மேஜை விளிம்பில் தட்டி உடைத்து, உடைந்த முகத்தை வெளிச்சத்தில் காட்டினார். சீனி கலந்தது என்றால் உள்ளே பளபளவென்று பொடிப்பொடியாக மின்னும். பதநீரை மட்டும் காய்ச்சியது என்றால் மங்கலாக, ஈரம் கோத்த மண் மாதிரி இருக்கும். அவர் நீட்டிய துண்டை வாயில் போட்டேன். முதலில் இனிப்பும், அது கரைந்த பிறகு லேசான உப்பும், கடைசியில் புகையின் வாசனையும் வந்தன.

சிப்பங்களெல்லாம் தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் பலகை போட்டு அதன்மேல் அடுக்கப்பட்டிருந்தன. காரணம் கேட்டதற்கு 2023 டிசம்பர் வெள்ளத்தைச் சொன்னார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய வெள்ளம் அது. சென்னைக்குப் புறப்பட்ட திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனதும், பக்கத்து ஊர் மக்கள் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்ததும் அப்போதுதான். அன்று அண்ணாச்சியின் கடைக்குள் முழங்கால் வரை தண்ணீர் ஏறியிருக்கிறது. மற்ற சரக்கென்றால் காயவைத்துப் பார்க்கலாம், கருப்பட்டி கரைந்தே போய்விடும் அல்லவா? தண்ணீர் வடிந்தபோது வெறும் ஓலைப் பாய்கள்தான் மிச்சம் என்று சொல்லிவிட்டு, சற்று நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

முதல் ஏலத்துக்கு அவர்தான் அழைத்துப்போனார். கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த கமிஷன் கடையில் வாழைத்தார்களை நிமிர்த்தி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கதலி, நாட்டு, கோழிக்கூடு, சக்கை என்று ரகம் ரகமாக. ஏலம் விடுகிறவர் ஒவ்வொரு தாரின் காம்பிலும் கைவைத்தபடி நகர, வியாபாரிகள் விலையைச் சொல்லிக்கொண்டே பின்தொடர்ந்தார்கள். ஒரு தாருக்கு அரை நிமிடம் கூட ஆகவில்லை. வாங்குகிறவர் சீப்பை எண்ணுவதோ காயைத் தொட்டுப் பார்ப்பதோ இல்லை. தூரத்திலிருந்தே கண்ணால் எடை போடுகிறார்கள். விற்கவந்த விவசாயி ஓரமாக நின்று துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தார். பத்து மாதத்துக்கு மேல் தண்ணீர் பாய்ச்சி, காற்றுக்குக் கம்பு கொடுத்து வளர்த்த தாரின் விலை அரை நிமிடத்தில் முடிவாகிவிடுவதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் விலை எல்லோர் காதிலும் விழும்படி சொல்லப்படுகிறது என்பது அவருக்குச் சிறிய பாதுகாப்பு. துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசிய பழைய வழக்கத்தில் அதுவும் இல்லை.

மறுநாள் ஞாயிறு. அதிகாலையில் முதல் மணி அடித்தது. அடுத்த மணிக்குள் தெரு முழுவதும் வெள்ளைச் சேலைகளும் வேட்டிகளுமாக நிறைந்துவிட்டது. பெரும்பாலான கடைகள் பூட்டிக் கிடந்தன. முந்தின நாள் நடக்கவே இடமில்லாதிருந்த கடைத்தெருவில் அன்று என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது.

இந்த ஊரில் கோவில் என்றால் தேவாலயம்தான். சாண்பத்து என்று இருந்த ஊர் நாசரேத் ஆனதே மிஷன் காலத்தில்தான். 1876இல் இங்கே வந்து, 1908இல் இறக்கும்வரை இங்கேயே இருந்த மிஷனரி கனோன் ஆர்தர் மர்காஷியஸ் ஐயரை (கனோன் என்பது திருச்சபைப் பட்டம்; ஐயர் என்று இங்கே சொல்வது குருவானவரை) ஊர் மக்கள் இன்றும் 'நாசரேத்தின் தந்தை' என்கிறார்கள். அவர் வந்து சேர்ந்ததும் தாது வருஷப் பஞ்சம் தொடங்கியதும் ஒரே நேரத்தில். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக விடுதி நடத்தினார். அந்தப் பிள்ளைகள் பிறகு எதைக்கொண்டு பிழைப்பார்கள் என்று யோசித்து 1878இல் கலைத் தொழிற்பள்ளியைத் தொடங்கினார். தச்சு, தையல் என்று கைத்தொழில் கற்றவர்கள் பஞ்சத்துக்குப் பிறகும் கூலிக்கு அலையாமல் நின்றார்கள். தொண்டு செய்கிறவர்கள் சோற்றோடு நின்றுவிடுவது உண்டு. அதற்கு அடுத்த கேள்வியையும் கேட்டவர் என்பதால் எனக்கு இந்த மனிதர்மேல் தனி மரியாதை. பெண் கல்வி, மருத்துவமனை என்று அவர் கைபட்ட காரியங்கள் இன்னும் பல. 2003இல் தென்னிந்தியத் திருச்சபையின் திருநெல்வேலித் திருமண்டலத்திலிருந்து தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலம் பிரிந்தது. இங்குள்ள தூய யோவான் ஆலயம் அதன் பேராலயம்.

பேராலயத்தில் காலை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அண்ணாச்சி காத்திருந்தார். "எங்க ஊர்ல அறுப்பின் பண்டிகை தம்பி, சாப்பாட்டுக்கு வந்துருங்க" என்றார். ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் தொடங்குமுன் பண்டிகையை முடித்துவிட வேண்டும் என்று சபையார் அந்த ஞாயிறை வைத்திருந்தார்களாம். அவருடைய மோட்டார் சைக்கிளில் பதினைந்து நிமிடப் பயணம். ஒற்றைத் தெருவும் அதன் முடிவில் ஓட்டுக்கூரைக் கோவிலுமாக இருந்த சிற்றூர். உள்ளே ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் ஒருபுறமுமாகப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஆல்டர் என்கிற பலிபீடத்துக்கு முன்னால் புது நெல் குவித்து, அதைச் சுற்றி வாழைத்தார், இளநீர், முருங்கைக்காய், கருப்பட்டி, ஒரு கூடை முட்டை எல்லாம் வைத்திருந்தார்கள். வாசல் தூணில் இரண்டு சேவல்களும் ஓர் ஆட்டுக்குட்டியும் கட்டியிருந்தன. ஐயர் ஜெபம் செய்து முடிக்கும்வரை அந்த ஆட்டுக்குட்டி கத்திக்கொண்டே இருந்தது; யாரும் அதை அதட்டவில்லை.

ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஏலம். சபையின் செயலாளர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார, கணீரென்ற குரலுடைய ஓர் இளைஞர் பொருள்களைத் தூக்கிக் காட்டினார். முந்தின நாள் பார்த்த ஏலத்துக்கு நேர்மாறானது இது. கடையில் முந்நூறு ரூபாய்க்குப் போகக்கூடிய தார் ஆயிரத்தைத் தாண்டியது. எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. "திரும்ப விடுங்க" என்று கோவிலுக்கே கொடுத்துவிட்டார். அதே தார் மறுபடி ஏலத்துக்கு வந்து, மும்பையிலிருந்து பண்டிகைக்கு வந்திருந்த ஒரு குடும்பத்தின் பெயரில் முடிந்தது. ஒற்றை முட்டையை ஐந்து பேர் எடுத்து ஐந்து பேரும் திருப்பிக் கொடுத்தார்கள். ஆறாவதாக, ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கைக்குட்டையின் முனையில் முடிந்திருந்த இருபது ரூபாயைச் சொன்னபோது அதற்குமேல் ஒருவரும் கேட்கவில்லை. அந்த முட்டை அவளுக்கே போயிற்று. இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

முந்தின நாள் கமிஷன் கடையில் ஐந்து ரூபாய் கூடுகிறதே என்று ஒரு தாரை விட்டுவிட்டு நகர்ந்த மனிதர்களும் இந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அண்ணாச்சி தன் கடையிலிருந்து தானே கொடுத்த கருப்பட்டிப் பெட்டியைத் தானே இரண்டாயிரத்துக்கு ஏலம் எடுத்தார். கோவில் சுவருக்கு வெள்ளையடிக்கவும், கோவில் பிள்ளை எனப்படும் கோவில் பணியாளரின் சம்பள பாக்கியைத் தீர்க்கவும் அந்தப் பணம் போகும் என்று செயலாளர் கூட்டத்துக்கு முன்பாகவே அறிவித்தார். பிறகு எல்லோருக்கும் அசனம். பந்தியில் எனக்கு இடப்பக்கம் கல்லூரி ஆசிரியர், வலப்பக்கம் பனையேறும் தொழிலாளி. சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் பரிமாறினார்கள்.

திங்கட்கிழமை காலை பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனது வேண்டுமென்றுதான். அங்கேயும் தனக்கு ஒரு ஏலம் இருப்பதாக முந்தின நாள் பந்தியில் அண்ணாச்சி சொல்லியிருந்தார். ஏப்ரல் முதல் தொடங்கும் நிதியாண்டுக்குத் தினசரிச் சந்தையில் கட்டணம் வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விடுகிறார்கள். அறிவிப்புப் பலகையில் நிபந்தனைகள் ஒட்டியிருந்தன: முன்வைப்புத் தொகையை வங்கி வரைவோலையாகக் கட்டவேண்டும், பேரூராட்சிக்குப் பழைய பாக்கி வைத்திருப்பவர் கலந்துகொள்ள முடியாது. பக்கத்து அறையில் சொத்துவரி கட்ட நாலைந்து பேர் நின்றார்கள். அரையாண்டு தொடங்கி ஒரு மாதத்துக்குள் கட்டினால் ஐந்து சதவீதம் தள்ளுபடி உண்டு, ஏப்ரலில் வாருங்கள் என்று எழுத்தர் ஒரு மூதாட்டிக்குப் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார்.

2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புறத் தேர்தலுக்கு முன்பு சில ஆண்டுகள் தமிழ்நாட்டின் பேரூராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை; அதிகாரிகள்தான் நிர்வாகம் செய்தார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது என்றே தெரியாமல் இருந்த காலம் அது என்று வரிசையில் நின்ற ஒருவர் சொன்னார். இப்போது வார்டு உறுப்பினரின் வீட்டு வாசலில் நின்று கேட்கலாம். இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதால் தண்ணீரைப் பற்றிய கேள்வி மன்றத்துக்குள் சீக்கிரம் வருகிறது என்று சேர்த்துச் சொன்னவரும் அவர்தான்.

ஏலம் அமைதியாக நடந்தது. செயல் அலுவலர் தொடக்கத் தொகையை வாசித்தார். ஐந்து பேர் கேட்டார்கள். அண்ணாச்சி சற்று தூரம் வரை கூடவே போய், பிறகு தலையசைத்து நிறுத்திக்கொண்டார். வெளியே வந்ததும் ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் என்னைச் சந்தைக்குக் கூட்டிப்போனார். முருங்கைக்காய்க் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளிடம் குத்தகைக்காரரின் ஆள் சீட்டைக் கிழித்துக்கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டிருந்தார்.

"அங்க நான் ஏத்திக் கேட்டா, இவங்ககிட்டதான தம்பி வந்து வாங்கணும்?" என்றார்.

எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. கோவில் ஏலத்தில் எவ்வளவு உயர்த்திக் கேட்டாலும் சுமை கேட்டவரோடு நின்றுவிடும். குத்தகை ஏலத்தில் உயரும் தொகையோ கூடை வைத்து விற்கிறவளின் கையிலிருந்துதான் திரும்பி வரவேண்டும். அதற்காகக் குறைவாகவே போகட்டும் என்றும் இருக்க முடியாது. கேட்பவர்கள் முன்கூட்டியே தங்களுக்குள் பேசிக்கொண்டு தொகையை அமுக்கிவிடுவது பல ஊர்களில் நடக்கிற காரியம். அப்படி நடந்தால் குப்பை வண்டிக்கும் தெருவிளக்குக்கும் பணம் இல்லாமல் போகும். இந்த இரண்டுக்கும் நடுவே கூடைக்காரிக்கு இருக்கிற காவல், கூடைக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று சந்தை வாசலில் எழுதி வைக்கும் கட்டணப் பலகை ஒன்றுதான். அதை எல்லோரும் படிக்கிற மாதிரி வைத்திருப்பது ஊருக்குச் செய்கிற பெரிய உபகாரம் என்று நான் நினைக்கிறேன். அந்தச் சந்தை வாசலில் பலகை இருந்தது. எழுத்துகளில் பாதியை ஒரு கட்சிச் சுவரொட்டி மறைத்திருந்தது. அண்ணாச்சி நகத்தால் அதன் ஒரு மூலையைக் கிளப்பிவிட்டு இழுக்க, அது நீளவாக்கில் கிழிந்து வந்தது. 'கூடை ஒன்றுக்கு' என்ற வரி தெரிந்தது.

முருங்கைக்காய் அம்மாள் எழுந்து வந்து பார்த்தார். தனக்கு வாசிக்கத் தெரியாது, என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். அண்ணாச்சி தொகையைச் சொன்னதும் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து காலையில் வாங்கிய சீட்டை எடுத்து நீட்டினார். இரண்டும் ஒத்துப்போனது. "சரியாத்தான் வாங்குதான்" என்று சொல்லிவிட்டுக் கூடையிடம் திரும்பிப் போனார்.

பகல் ரயிலுக்கு நேரம் நெருங்கியிருந்தது. அண்ணாச்சி கடையில் எடுத்து வைத்திருந்த ஓலைப்பெட்டியைக் கொடுத்தார். அவர் ஏலத்தில் எடுத்த அதே பெட்டிதான். காசு வாங்க மறுத்துவிட்டு, ரயிலில் தரையில் வைக்காதீர்கள், ஈரம் பட்டால் போய்விடும் என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். திருநெல்வேலி வரும்வரை அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.