காலி வீடுகளின் கணக்கு

நகரத் திட்டமிடல் படிப்பவருக்கு வளர்ச்சியைச் சமாளிக்கத்தான் கற்றுத்தரப்படுகிறது. சென்னையில் நான் படித்த காலத்தில் பாடமும் செய்முறைப் பயிற்சியும் ஒரே திசையை நோக்கியிருந்தன: இன்னும் இருபது ஆண்டுகளில் மக்கள்தொகை இவ்வளவு கூடும், அதற்கு எங்கே சாலை இடுவது, எங்கிருந்து தண்ணீர் கொண்டுவருவது, எந்த ஏரியைக் காப்பது. 2000களின் நடுவில் கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஒரு திட்டமிடல் அலுவலகத்தில் சேர்ந்தபோது என் மேசைக்கு வந்த கேள்விகள் வேறாக இருந்தன. எந்தத் தெருவின் குழாய்களை முதலில் மூடுவது? இரண்டு பள்ளிகளில் எதை நிறுத்தி எதை வைத்துக்கொள்வது? எந்த அடுக்குமாடியை முதலில் காலி செய்வது, அதில் இன்னும் குடியிருப்பவர்களிடம் அதை யார் போய்ச் சொல்வது? சுருங்கும் நகரத்தில் திட்டமிடுவது இழப்பைப் பங்கிடும் வேலை என்பதையும், அதை எல்லோர் முன்னிலையிலும் பேசிப் பங்கிடாவிட்டால் குரல் எழுப்ப இயலாதவர்கள் தலையில் அது போய் விழும் என்பதையும் அந்த ஆண்டுகளில்தான் கற்றேன்.

அந்த நகரங்கள் காலியானதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், 1989இல் பெர்லின் சுவர் விழுந்ததும் மக்கள் மேற்கே போய்விட்டார்கள் என்பது. அது உண்மையின் ஒரு பகுதி மட்டுமே. அரசுடைமை ஆலைகள் ‘ட்ரொய்ஹாண்ட்’ என்ற அமைப்பின் வழியாக விற்கப்பட்டோ மூடப்பட்டோ போனபோது வேலையிழந்தவர்களில் இளையவர்கள், குறிப்பாக இளம்பெண்கள், மேற்கே சென்றார்கள். இருந்தவர்கள் குழந்தை பெறுவதைத் தள்ளிப்போட்டார்கள். 1994இல் கிழக்கு ஜெர்மனியின் கருவள விகிதம் ஒரு பெண்ணுக்கு 0.8 குழந்தைக்கும் கீழே இறங்கியிருந்தது. இவற்றோடு அரசின் வரிக்கொள்கையும் சேர்ந்துகொண்டது. கிழக்கில் வீடு கட்டுபவர் கட்டுமானச் செலவில் பாதி வரை முதல் ஐந்து ஆண்டுகளிலேயே வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகை 1990களின் முற்பாதியில் நடைமுறையில் இருந்தது. மேற்கிலிருந்த வசதி படைத்தவர்கள் வரியைக் குறைத்துக்கொள்வதற்காகக் கிழக்கின் புறநகர் வயல்களில் புதுக் குடியிருப்புகளில் முதலீடு செய்தார்கள். அதே வேளையில் உள்நகரில், முதல் உலகப் போருக்கு முன் கட்டிய அழகிய வீடுகள், பழைய உரிமையாளர்களுக்கோ அவர்களின் வாரிசுகளுக்கோ திருப்பித் தரவேண்டிய சொத்துகள் என்பதால், யாருக்கு உரியவை என்று முடிவாகாமல் கூரை ஒழுகி நின்றன. ஆக, மக்கள் குறைந்துகொண்டிருந்த ஆண்டுகளில் வீடுகள் பெருகிக்கொண்டிருந்தன. 1989இல் லைப்சிக்கின் மக்கள்தொகை 5.3 இலட்சம், 1998இல் அது 4.37 இலட்சம். 2000ஆம் ஆண்டு வாக்கில் அந்த ஒரு நகரத்தில் மட்டும் ஏறத்தாழ 60,000 வீடுகள் பூட்டிக் கிடந்தன.

இதில் வெளியாட்களுக்கு விளங்கக் கடினமாக இருப்பது பழைய கடன் என்ற விஷயம். சோசலிச ஆட்சியில் அடுக்குமாடிகள் அரசு ஒதுக்கிய கடனில் கட்டப்பட்டன. அன்றைய பொருளாதாரத்தில் அது பெரும்பாலும் ஏட்டளவிலான கணக்கு. 1990இல் நாடு ஒன்றானதும் அந்த ஏட்டுக்கணக்கு உண்மையான வங்கிக் கடனாக மாறி, நகராட்சிகளின் வீட்டு நிறுவனங்கள் மீதும் கூட்டுறவு வீட்டுச் சங்கங்கள் மீதும் வந்து உட்கார்ந்தது. ஆளில்லாத வீட்டுக்கும் வட்டி ஓடியது. வீட்டை இடித்தாலும் கடன் இடியவில்லை. 1993ஆம் ஆண்டுச் சட்டம் சதுர மீட்டருக்கு 150 மார்க்குக்கு (அன்றைய ஜெர்மன் நாணயம்) மேற்பட்ட கடனைத் தள்ளுபடி செய்தது, ஆனால் பதிலுக்கு வீடுகளில் 15 சதவீதத்தைத் தனியாருக்கு விற்க வேண்டும் என்றது. வாங்க ஆளில்லாத ஊரில் விற்கச் சொன்ன அந்த நிபந்தனை எத்தனை வீட்டு நிறுவனங்களை ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது என்பதை அவற்றின் வரவுசெலவு ஏடுகளைப் புரட்டியபோது கண்டேன்.

லைப்சிக்கின் முன்னாள் மேயர் ஹின்ரிஷ் லேமன்-குரூபே தலைமையிலான வல்லுநர் குழு 2000 நவம்பரில் அளித்த அறிக்கை, கிழக்கில் ஏறத்தாழ 10 இலட்சம் வீடுகள், அதாவது மொத்தத்தில் 13 சதவீதம், காலியாக உள்ளன என்று வெளிப்படையாகச் சொன்னது. அதன் விளைவாக 2002இல் ‘ஷ்டாட்உம்பாவ் ஓஸ்ட்’ என்ற கிழக்கு நகர மறுசீரமைப்புத் திட்டம் தொடங்கியது. 2009க்குள் 3.5 இலட்சம் வீடுகளை இடிப்பதும், எஞ்சும் பகுதிகளை மேம்படுத்துவதும் அதன் இலக்கு. நடுவண் அரசு, மாநிலங்கள், நகராட்சிகள் ஆகியவற்றின் பங்கைச் சேர்த்து 250 கோடி யூரோவுக்கு மேல் ஒதுக்கப்பட்டது. இடிக்கும் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 60 யூரோ வரை மானியம் கிடைத்தது. காலி வீடுகள் 15 சதவீதத்தை எட்டிய நிறுவனம் இடித்தால், சதுர மீட்டருக்கு 77 யூரோ வரை பழைய கடனும் நீங்கியது. எந்தக் கட்டடம் போகும் என்பதைப் பல ஊர்களில் இந்த இரண்டு எண்களே தீர்மானித்தன; எங்கள் வரைபடங்கள் அவற்றின் பின்னால்தான் வந்தன. பூங்காவை ஒட்டி நல்ல நிலையிலிருந்த கட்டடம் கடன் மிகுதியால் முதலில் இடிபட்டதையும், ஊர்க்கோடியில் யாரும் விரும்பாத கட்டடம் கடன் இல்லாததால் தப்பி நின்றதையும் கண்டிருக்கிறேன்.

எங்கள் அலுவலகத்தின் அன்றாட வேலை காலி வீடுகளைக் கணக்கெடுப்பது. மின்வாரியத்திடமிருந்து மீட்டர் விவரத்தைப் பெற்று, மின்சாரம் ஓடாத இணைப்புகளை வரைபடத்தில் குறிப்போம். பிறகு நேரில் போய், அழைப்புமணிப் பலகையில் பெயர் இருக்கிறதா, சன்னலில் திரை இருக்கிறதா, தபால்பெட்டி நிரம்பி வழிகிறதா என்று பார்ப்போம். உரிமையாளர் தரும் எண்ணிக்கைக்கும் நாங்கள் எடுத்ததற்கும் பல இடங்களில் பெரிய வேறுபாடு இருக்கும். வங்கிக்கு நல்ல முகம் காட்ட வேண்டியவர் குறைத்துச் சொல்வார். 15 சதவீதத்தைத் தொட வேண்டியவர் கூட்டிச் சொல்வார்.

கணக்கு முடிந்த பின்புதான் உண்மையான சிக்கல் தொடங்கும். ஒரு குடியிருப்பில் மூன்று வகை உரிமையாளர்கள் என்று வைத்துக்கொள்வோம்: நகராட்சியின் வீட்டு நிறுவனம், ஒரு கூட்டுறவுச் சங்கம், உள்நகரில் பழைய வீடுகளை வாங்கிப்போட்ட தனியார்கள். முதலாமவர் 200 வீடுகளை இடித்தால் அங்கிருந்து வெளியேறும் குடும்பங்கள் மற்ற இருவரின் காலி வீடுகளில் குடியேறும். இடித்தவருக்கு மிஞ்சுவது வெற்று நிலம். காத்திருந்தவருக்கு வாடகை வரும். எனவே எல்லோரும் காத்திருப்பார்கள். சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தின் ஒரு சிறு நகரில் இப்படிப்பட்ட பேச்சுவார்த்தைக்குக் குறிப்பெழுதுபவனாக உட்கார்ந்திருக்கிறேன். ஊருக்கு வீடுகள் மிகுதி என்பதை ஒருவரும் மறுக்கவில்லை. தம்முடைய வீடுகள் மிகுதி என்று ஒருவரும் ஒப்பவுமில்லை. இடிப்பவருக்கு மற்றவர்கள் வீடொன்றுக்கு இவ்வளவு என்று ஈடு தரும் பொது நிதி ஒன்றை எங்கள் அலுவலகம் முன்வைத்தது. கூட்டுறவுச் சங்கம் தன் உறுப்பினர்களின் பணத்தை அடுத்தவர் நட்டத்துக்குத் தர முடியாது என்றது; தனியார்கள் கூட்டத்துக்கே வரவில்லை. கடைசியில், மேயர் உத்தரவிடக்கூடிய ஒரே நிறுவனமான நகராட்சி வீட்டு நிறுவனம்தான் பெரும்பகுதியை இடித்தது. அந்த நிறுவனத்தின் வீடுகளில்தான் ஊரின் ஏழைகள் குடியிருந்தார்கள். இதைச் சட்டமீறல் என்று எவரும் சொல்ல முடியாது. ஆயினும் குறைந்த வாடகை வீடுகள் யாருடைய வாக்கெடுப்பும் இல்லாமல் ஊரிலிருந்து குறைந்தன. அந்த முடிவு எனக்கு இன்றும் ஏற்கத்தக்கதாக இல்லை.

ஊரின் ஓரத்திலிருந்து நடுப்பகுதியை நோக்கி இடித்துவருவதையே நாங்கள் எப்போதும் பரிந்துரைத்தோம். காரணம் குழாய்கள். ஆயத்தக் கான்கிரீட் பலகைகளால் எழுப்பிய அந்தக் குடியிருப்புகள் எல்லாவற்றுக்கும் மைய நிலையத்திலிருந்து வெந்நீர்க் குழாய் வழியாக வெப்பம் வருகிறது. நடுவில் உள்ள கட்டடத்தை எடுத்தால் கடைசிக் கட்டடத்துக்காக அதே நீளக் குழாயைச் சூடாகவே வைத்திருக்க வேண்டும். 90,000 பேருக்கு அளவெடுத்த குடிநீர்க் குழாயில் பாதிப் பேருக்கான நீர் ஓடினால் நீர் தேங்கிக் கெடும். கழிவுநீர்க் குழாயில் ஓட்டம் போதாமல் படிவு சேரும், அதைக் கழுவிவிடவே ஆள் வைக்க வேண்டும். லோய்னா, பூனா ரசாயன ஆலைத் தொழிலாளர்களுக்காக 1964இல் கட்டத் தொடங்கிய ஹாலே-நொய்ஷ்டாட் இப்படி 90,000க்கு மேற்பட்ட மக்களிலிருந்து ஏறத்தாழ பாதியாகக் குறைந்த இடம். பராமரிப்புச் செலவு குறையாது, அதைப் பகிர்பவர்கள் குறைவார்கள், கட்டணம் உயரும், உயர்ந்த கட்டணம் இன்னும் சிலரை வெளியேற்றும்.

குடியிருப்பவர்களைச் சந்திக்கும் கூட்டங்கள் பெரும்பாலும் பள்ளி அரங்குகளில் நடக்கும். ஒரு கூட்டத்தின் முடிவில் முதியவர் ஒருவர் என்னிடம் வந்தார். நிலக்கரி அடுப்பும் மாடிப்படி நடுவே பொதுக் கழிப்பறையும் இருந்த பழைய வீட்டிலிருந்து 1970களில் இந்த அடுக்குமாடிக்கு வந்தவர்; குழாயைத் திறந்தால் வெந்நீர் வந்த முதல் நாளைப் பற்றி மகிழ்ச்சியோடு சொன்னார். மாற்று வீடு தருகிறார்கள், சாமான் ஏற்றும் செலவையும் தருகிறார்கள், அதில் தமக்குக் குறையில்லை என்றார். பிறகு, “நான் போகப்போகும் கட்டடத்தை எத்தனை ஆண்டு கழித்து இடிப்பீர்கள்? அதை மட்டும் சொல்லுங்கள் ஐயா, நான் அதற்கேற்ப முடிவு செய்கிறேன்” என்றார். என்னிடம் பதில் இல்லை. திட்ட ஏட்டில் அந்தக் கட்டடத்துக்கு எதிரே ‘பின்னர் முடிவு’ என்றிருந்தது. உரிமையாளருக்கு அது வசதியான வாசகம். எழுபது வயதில் இரண்டாம் முறை சாமான் கட்ட அஞ்சுபவருக்கு அது தண்டனை.

இதற்கு நேர்மாறான ஊர் தூரிங்கியா மாநிலத்தின் லைனெஃபெல்டே. பருத்தி நூற்பாலைக்காக வளர்க்கப்பட்டு, ஆலை வீழ்ந்ததும் வேலையிழந்த சிற்றூர் அது. இடிப்புத் திட்டம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, 1990களின் நடுவில், எந்தப் பகுதி நிலைத்து நிற்கும் என்பதை நகராட்சி ஒரு திட்ட வரைவில் முடிவு செய்து, அங்கே பணத்தைக் குவித்தது. 180 மீட்டர் நீளமிருந்த ஒரு கட்டடத்தைத் துண்டுகளாக அறுத்து, எட்டுச் சிறு மாளிகைகளாகக் கட்டடக் கலைஞர் ஷ்டெஃபான் ஃபோர்ஸ்டர் மாற்றியமைத்ததைப் பார்க்கத் துறையினர் பலர் போனோம். புகைப்படங்களில் அந்தக் கட்டடங்களே வருகின்றன. நான் மதிப்பது அவற்றுக்கு முன்னால் வந்த முடிவை: எது போகும் என்று சொல்லும் முன், எது நிற்கும் என்று அறிவித்தார்கள்.

மற்ற ஊர்கள் ஏன் அதைச் செய்யவில்லை என்பதற்கு நிதி விதியிலேயே விடை உண்டு. இடிப்புக்கு நகராட்சி தன் பங்காக எதுவும் போட வேண்டியிருக்கவில்லை. மேம்பாட்டுக்கோ மூன்றிலொரு பங்கைத் தானே போட வேண்டியிருந்தது. வரி வருவாய் வற்றிய நகராட்சி எதைத் தேர்ந்தெடுக்கும்? மேம்பாட்டுக்கு ஒதுக்கியது செலவாகாமல் கிடக்க, இடிக்கும் இயந்திரம் மட்டும் தவறாமல் வந்தது.

லைப்சிக்கின் உள்நகரில் வேறு வழிகள் தேடப்பட்டன. காலி மனையின் உரிமையாளர் சில ஆண்டுகளுக்கு அதைப் பொதுப் பசுந்திடலாக விட்டுவைத்தால் நிலவரி விலக்கு உண்டு, கட்டும் உரிமையும் பறிபோகாது என்று நகராட்சி ஒப்பந்தம் செய்தது. 2004இல் தொடங்கிய ‘ஹவுஸ்ஹால்டன்’ என்ற சங்கம், இடியும் நிலையிலிருந்த பழைய வீடுகளில் ஓவியர்கள், இசைக்கலைஞர்கள், சிறு தொழில் செய்பவர்கள் ஆகியோரைக் குடியமர்த்தியது. அவர்கள் வாடகை தர வேண்டாம். நடைமுறைச் செலவை மட்டும் ஏற்று, கூரையையும் குழாயையும் பழுதில்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காவல் வீடுகள் என்று பெயர் பெற்ற இவை பல கட்டடங்களைக் காப்பாற்றின. பிறகு எவரும் எதிர்பாராத விதமாக, 2010க்குப் பின் நகரம் வேகமாக வளர்ந்தது. இன்று மக்கள்தொகை 6 இலட்சத்துக்கு மேல், வாடகை உயர்வும் பள்ளியிடப் பற்றாக்குறையுமே இப்போதைய பேச்சு.

இதைக் காட்டி, இடித்தது முழுவதும் வீண் என்று சிலர் சொல்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. வட்டி கட்ட முடியாத நிறுவனத்திடம் பத்தாண்டுகள் பொறுத்திரு என்று சொல்லியிருக்க முடியாது. என் வருத்தம் வேறு. மதிப்பில்லாத காலத்தில் அந்த வீடுகளைக் கூரை மாற்றிக் காத்தவர்களுக்கு, மதிப்பு வந்த காலத்தில் எந்தப் பங்கும் கிடைக்கவில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தது, வீடுகள் விலை போயின, பலர் வெளியேறினார்கள். இழப்பில் பங்கெடுத்தவருக்கு ஆதாயத்திலும் உரிமை உண்டு என்று ஒரு பத்தி அந்த ஒப்பந்தங்களில் இருந்திருக்கலாம். குறைந்தபட்சம், தொடர்ந்து குடியிருக்கும் முன்னுரிமையாவது.

லைப்சிக்கை வைத்து மற்ற ஊர்களை அளப்பதும் தவறு. நிலக்கரிக்காகவும் எரிசக்திக்காகவும் வளர்ந்த ஹோயர்ஸ்வெர்டாவில் 1981இல் 71,000 பேர் இருந்தார்கள். இன்று பாதிக்கும் குறைவு. அங்கே வளர்ச்சி திரும்பும் என்று காத்திருப்பது கொள்கையாகாது. 2038க்குள் நிலக்கரியைக் கைவிட 2020இல் சட்டம் இயற்றிய அரசு, நிலக்கரிப் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை தருவதாக அறிவித்திருக்கிறது. அதில் ஒரு பகுதி, ஹோயர்ஸ்வெர்டா அமைந்துள்ள லவுசிட்ஸ் நிலக்கரிப் பகுதியின் ஊர்களுக்கு வருகிறது; ஆய்வு நிலையங்களுக்கும் ரயில் தடங்களுக்கும் அது போகட்டும். ஆனால் வீட்டு நிறுவனங்களுக்குத் தரும் ஒவ்வொரு யூரோவுக்கும் முன்னால் இரண்டு ஆவணங்களைக் கேட்க வேண்டும் என்று, இன்றும் என்னைக் கேட்கும் நகராட்சி அலுவலர்களிடம் சொல்லிவருகிறேன். ஒன்று, இடிப்பவருக்கு இடிக்காதவர் என்ன ஈடு தருவார் என்று எல்லா உரிமையாளர்களும் கையொப்பமிட்ட ஒப்பந்தம். மற்றொன்று, இருபது ஆண்டுகளுக்குத் தொடப்படாத கட்டடங்களின் பட்டியல், தெருவும் கதவிலக்கமும் குறித்து, அந்தந்தக் கட்டட வாசலில் ஒட்டப்பட்டதாக.